‘கவனக்குறைவு’ என்று எழுதுமுன்: கட்டட விபத்து, இழப்பீடு பற்றிய நாட்குறிப்பு

ஜூன் 10, 2024

கட்டட வேலையில் ஒருவர் அடிபட்டால் முதல் அறிக்கையில் தவறாமல் இடம்பிடிக்கும் சொல் ‘கவனக்குறைவு’. எழுதுபவர் சைட் சூப்பர்வைசர், அடிபட்டவர் ஆஸ்பத்திரியில். அந்தச் சொல்லைக் கேட்டதும் குடும்பத்தார் “நம்ம மேலதான் தப்பு, கேஸ் நிக்காது” என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதே இல்லை.

1923-ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் தப்பு யாருடையது என்று கேட்பதில்லை. அந்த முதலாளியிடம் வேலை செய்தார். வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் அடிபட்டார். வயது இவ்வளவு, சம்பளம் இவ்வளவு. காட்ட வேண்டியது இதுதான். குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய மூன்றை மட்டும் முதலாளி எதிர்வாதமாக வைக்கலாம். உயிர் போயிருந்தாலோ நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டிருந்தாலோ அந்த மூன்றும்கூட எடுபடாது.

2020-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இதை எழுதியபோது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை; 2025 நவம்பர் 21-இல்தான் வந்தது. இந்தக் குறிப்புகளில் உள்ள பிரிவுகளும் தொகைகளும் 2024-இல் நடப்பில் இருந்த பழைய சட்டப்படி.

ஜூன் 12

தப்பு கேள்வியில்லை என்றால் காரணத்தை ஏன் தேட வேண்டும்? “அவன் அங்கே வேலையே செய்யலை”, “குடிச்சிட்டு வந்தான்” என்ற பேச்சுக்குப் பதில் அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது. அதனால் முதலில் காரணங்கள். சாரத்திலிருந்து தொடங்கலாம்.

சாரத்தில் ஆள் விழுந்தால் எல்லோரும் கம்பு முறிந்ததா என்று பார்க்கிறார்கள். பலகையைப் பார்க்க வேண்டும். தாங்கும் குறுக்குக் கம்புக்கு வெளியே பலகையின் நுனி எவ்வளவு நீள்கிறது? பலகைத் தடிமனைப் போல 4 மடங்குக்கு மேல் போகக்கூடாது, 50 மி.மீ. பலகைக்கு 200 மி.மீ. அதற்கு மேல் நீண்டால் நுனியில் கால் வைத்ததும் மறுமுனை எழும்பிப் பலகை புரளும். நுனி 50 மி.மீ.க்குக் குறைவாக நீண்டால் பலகை நழுவிக் கீழே வரும். இரண்டிலும் ஆள் ‘கால் தவறி’ விழுந்ததாகத்தான் எழுதுவார்கள்.

அடுத்தது கைப்பிடிக் கம்பு. சுமார் 1 மீட்டர் உயரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, பலகை ஓரத்தில் 150 மி.மீ. தடுப்புப் பலகை. இந்தக் கடைசித் தடுப்பு மேலே நிற்பவருக்காக மட்டுமல்ல. செங்கல்லும் கரணையும் கீழே நிற்கும் சித்தாளின் தலையில் விழாமல் தடுப்பதும் அதுதான். கயிற்றால் கட்டிய சாரத்தில் கயிறு மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து தளரும். மழை விட்ட மறுநாள் ஒவ்வொரு முடிச்சையும் பார்க்காமல் ஆளை ஏற்றுவது பெரிய தப்பு. சாரத்தைச் சுவரோடு பிணைத்த இடங்களைப் பூச்சு வேலைக்காக ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே போவது இன்னொன்று. சாரம் மொத்தமாக வெளிப்பக்கம் சாய்வது அப்படித்தான்.

ஜூன் 14

தளத்தில் விடும் ஓட்டைகள் தனிக் கவனம் கேட்பவை. லிஃப்ட் குழி, பைப் இறங்கும் துவாரம், படிக்கட்டு இடைவெளி. ஆணி அடிக்காமல் ஒரு பிளைவுட்டை மேலே போட்டு வைப்பார்கள். சாமான் ஒதுக்குபவர் அதைச் சும்மா கிடக்கும் பலகை என்று நினைத்து இரு கையாலும் தூக்கி, ஓர் அடி முன்னே வைப்பார். பலகை பார்வையை மறைத்திருக்கும். கால் நேராகத் துவாரத்துக்குள். மூடி நகராதபடி அடித்திருந்ததா, அதன்மேல் ஏதாவது எழுதியிருந்ததா என்பதை அன்றைக்கே படம் எடுக்க வேண்டும். மறுநாள் காலை அங்கே புதுத் தடுப்பு நிற்கும்.

பாதுகாப்பு பெல்ட் கொடுத்தோமே என்பார்கள். கயிறு 1.8 மீட்டர், அதிர்ச்சி தாங்கும் பகுதி விரிவது 1 மீட்டருக்கு மேல், ஆளின் உயரம், கொஞ்சம் இடைவெளி. காலடி மட்டத்தில் கொக்கி மாட்டினால் கீழே ஏறத்தாழ 6 மீட்டர் வெற்றிடம் தேவை. 3 மீட்டர் உயரத்தில் வேலை செய்பவருக்கு அந்த பெல்ட் தடுக்குமுன் தரை வந்துவிடும். கொக்கி தலைக்கு மேலே, உறுதியான இடத்தில் மாட்டப்பட வேண்டும். மாட்ட இடமே இல்லாத சைட்டில் பெல்ட் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி வைத்திருப்பது பாதுகாப்பு ஆகாது.

ஜூன் 18

சென்ட்ரிங், அதாவது காங்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கும் பலகையும் முட்டும். ஈரக் காங்கிரீட் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2.5 டன். 150 மி.மீ. தளம் சதுர மீட்டருக்கு 375 கிலோ. ஆட்கள், வைப்ரேட்டர், ஒரே இடத்தில் கொட்டிய குவியல் எல்லாம் தனி. முட்டு நிற்பது இளகிய மண்ணில், அடியில் ஓர் உடைந்த செங்கல். காங்கிரீட் போடும்போது தண்ணீர் ஒழுகி அந்த மண் நெகிழ்கிறது. ஒரு முட்டு இறங்கினால் அதன் பாரம் பக்கத்து முட்டுக்குப் போகும். குறுக்கு இணைப்பு இல்லாவிட்டால் வரிசையாகப் போகும்.

பிரிக்கும்போது நடப்பது வேறு. காங்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456:2000 படி சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டில், 15 டிகிரிக்குக் குறையாத வெப்பத்தில், 4.5 மீட்டர் வரையிலான தளத்தின் முட்டுகளை 7 நாளுக்கு முன் எடுக்கக்கூடாது. அதற்கு மேல் 14 நாள். பீமுக்கு 6 மீட்டர் வரை 14 நாள், அதற்கு மேல் 21 நாள். சென்ட்ரிங் சாமான் வாடகை ஓடுகிறது என்று முன்னாலேயே பிரிப்பதுதான் பல சரிவுகளின் வேர். காங்கிரீட் போட்ட தேதி, ரெடிமிக்ஸ் லாரியின் சலான், முட்டு பிரித்த தேதி: இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு வாதம் தேவைப்படாது.

ஜூன் 21

அஸ்திவாரக் குழி. 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்குப் பக்கம் முட்டு கொடுக்க வேண்டும் அல்லது சரிவாக வெட்ட வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே குவிப்பதும், பொக்லைன் விளிம்பை ஒட்டி நிற்பதும் சரிவைக் கூப்பிடுகின்றன. மண் ஒரு கன மீட்டர் ஒன்றரை டன்னுக்கு மேல். மார்பளவு புதைந்தவருக்குத் தலை வெளியே இருந்தாலும் மூச்சு இழுக்க முடியாது. காப்பாற்ற உடனே உள்ளே குதிப்பவர் இரண்டாவது சரிவில் சிக்குகிறார். பொக்லைன் பக்கெட்டால் தோண்டி எடுப்பது ஆளையே கிழித்துவிடும். முதலில் விளிம்பிலுள்ள பாரத்தை அகற்றிப் பக்கங்களுக்கு முட்டு கொடுக்க வேண்டும். பிறகு கையால்தான் தோண்ட வேண்டும்.

ஜூன் 22

மின்சாரம். பிளக் இல்லாமல் வெறும் ஒயரைச் சொருகியது, தண்ணீரில் கிடக்கும் ஒட்டு, எர்த் இல்லாத வைப்ரேட்டர், உயர் அழுத்தக் கம்பிக்கு அடியில் செங்குத்தாகத் தூக்கிய 12 மீட்டர் கம்பி. 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. போர்டில் இருந்ததா என்பது முதல் கேள்வி. அது அடிக்கடி விழுகிறது என்று நேர் இணைப்பு கொடுத்திருந்தார்களா என்பது இரண்டாவது.

ஜூன் 26

முதல் மூன்று நாள். கோரிக்கை நிற்பதும் விழுவதும் இங்கேதான்.

ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போதே ‘வேலை செய்யும் இடத்தில், இத்தனை மணிக்கு, இந்த உயரத்திலிருந்து’ என்று விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) ஏற வேண்டும். கூட்டிவரும் மேஸ்திரி ‘வீட்டில் வழுக்கி விழுந்தார்’, ‘வண்டியில் விழுந்தார்’ என்று சொல்லிவிட்டால் பின்னால் எல்லாச் சாட்சியும் அந்த ஒரு வரியோடு மோத வேண்டியிருக்கும். குடும்பத்தில் ஒருவர் டூட்டி டாக்டரிடம் நேரில் சொல்லுங்கள், ஏ.ஆர். காப்பியை வாங்கிப் படியுங்கள். தவறாக எழுதியிருந்தால் அப்போதே எழுத்தில் மறுப்புக் கொடுங்கள்.

வேலை செய்ததற்கான சான்று பெரிதாக இருக்க வேண்டியதில்லை. மேஸ்திரியின் பாக்கெட் நோட்டில் உள்ள ஹாஜர் பக்கம், கூலி வந்த யு.பி.ஐ. விவரம், வாரக் கூலிச் சீட்டு, சைட் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்தி, கேட்டிலுள்ள வருகைப் பதிவேடு, கூட வேலை பார்த்த இருவரின் பெயரும் ஊரும். கூட வேலை பார்த்தவர்கள் வேறு மாநிலத்துக்காரர்கள் என்றால் அடுத்த வாரம் வேறு சைட்டில் இருப்பார்கள்; நம்பரை உடனே வாங்க வேண்டும். சைட் வாசலில் உள்ள பெயர்ப் பலகையையும் படம் எடுங்கள். உரிமையாளர், பில்டர், காண்ட்ராக்டர் மூவரின் பெயரும் அதில் கிடைக்கலாம்.

பிறகு முதலாளிக்கு எழுத்தில் அறிவிப்பு, பதிவுத் தபாலில். சட்டத்தின் 10-ஆம் பிரிவு அதை இயன்ற அளவு விரைவாகக் கொடுக்கச் சொல்கிறது.

ஜூலை 1

இன்று முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304-ஏ, அதிகபட்சம் 2 ஆண்டு. இன்று முதல் நடக்கும் விபத்துக்கு 106(1), அதிகபட்சம் 5 ஆண்டு. நேற்று வரை நடந்தவற்றுக்குப் பழைய பிரிவுதான்.

குற்ற வழக்கு முடியட்டும், பிறகு இழப்பீடு கேட்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. இரண்டும் தனித்தனிப் பாதைகள். குற்ற வழக்கில் விடுதலை ஆனாலும் இழப்பீட்டுப் பொறுப்பு போகாது.

ஜூலை 3

‘யார் முதலாளி?’ மேஸ்திரி சப் காண்ட்ராக்டரைக் காட்டுவார், அவர் மெயின் காண்ட்ராக்டரை, அவர் பில்டரை. 12-ஆம் பிரிவு இதை நேராக்குகிறது: தன் தொழிலின் வழக்கமான பகுதியான வேலையைக் காண்ட்ராக்டில் விட்டவர், தானே வேலைக்கு வைத்ததுபோல் இழப்பீடு தர வேண்டும். கொடுத்த பிறகு காண்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளலாம். மனுவில் எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்ப்பதே நல்லது. காப்பீடு எடுத்திருந்தால் அந்த நிறுவனத்தையும். தன் குடியிருப்புக்காக ஒரே ஒரு வீடு கட்டும் சாதாரண ஆளை இந்தப் பிரிவில் இழுப்பது கடினம், ஏனெனில் கட்டுவது அவர் தொழில் அல்ல. அங்கே காண்ட்ராக்டர்தான் இலக்கு.

ஜூலை 8

கணக்கு. இறப்புக்கு மாதச் சம்பளத்தில் 50 சதவீதத்தை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனத்துக்கு 60 சதவீதம். 2020 ஜனவரி 3 முதல் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். காரணி 25 வயதுக்கு 216.91, 30-க்கு 207.98, 40-க்கு 184.17, 50-க்கு 153.09.

30 வயது, 15,000 சம்பளம்: இறப்புக்கு 7,500 × 207.98 = 15,59,850 ரூபாய். முழு ஊனத்துக்கு 9,000 × 207.98 = 18,71,820. குறைந்தபட்சத் தொகை முறையே 1,20,000, 1,40,000. சிகிச்சைச் செலவு இதற்கு வெளியே, உண்மையில் ஆனது முழுவதும். ஆகவே மருந்துக்கடை ரசீதுகூடத் தொலையக்கூடாது. தற்காலிக ஊனத்துக்கு 15 நாளுக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 சதவீதம், அதிகபட்சம் 5 ஆண்டு.

ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி. நியாயமான காரணம் இல்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதம். பலர் மனுவில் இதைக் கேட்கவே மறந்துவிடுகிறார்கள்.

ஜூலை 11

இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை உறுப்புக்கு உறுப்பு சதவீதம் சொல்கிறது: கட்டைவிரல் 30, ஆட்காட்டி விரல் முழுதாக 14, ஒரு கையின் நான்கு விரல் 50. 30 வயது உதாரணத்தில் கட்டைவிரலுக்கு 5,61,546 ரூபாய்.

ஆனால் அட்டவணையோடு நின்றுவிடக் கூடாது. 1976-இல் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், முழங்கைக்கு மேலே இடக்கையை இழந்த தச்சருக்கு அது முழு ஊனமே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது. பணம் விபத்து நாளிலிருந்தே செலுத்த வேண்டியதாகிறது என்பதும் அதே தீர்ப்பு. ஆகவே மருத்துவரிடம் ‘இத்தனை சதவீத ஊனம்’ என்பதோடு, ‘சாரம் ஏற முடியுமா, பாரம் தூக்க முடியுமா’ என்பதையும் எழுதி வாங்குங்கள்.

ஜூலை 15

ராஜி பேச்சு. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஒரு தொகையும் வெற்றுத்தாளில் கையெழுத்தும் கேட்பார்கள். இறப்புக்கான இழப்பீட்டை முதலாளி, இந்தச் சட்டப்படி மனுக்களை விசாரிக்கும் ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். வாரிசின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடாகவே கருதப்படாது. மூன்று மாதச் சம்பளம் வரை முன்பணம் கொடுத்தால் அது மட்டும் கழியும். உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 17-ஆம் பிரிவில் செல்லாது. அப்படி எழுதிக் கொடுத்துவிட்டவர்களும் மனு போடலாம், தயவுசெய்து போடுங்கள்.

ஜூலை 19

இ.எஸ்.ஐ. (அரசின் தொழிலாளர் காப்பீடு) உள்ளவர் இந்தச் சட்டத்தில் கேட்க முடியாது, இ.எஸ்.ஐ.யிடம்தான் கேட்க வேண்டும். சைட்டில் லாரியோ மிக்ஸர் வண்டியோ மோதியிருந்தால் மோட்டார் வாகனச் சட்டமா, இந்தச் சட்டமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டிலும் வாங்க முடியாது. உச்சவரம்பு இல்லாததால் மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்தில் கூடுதலாகக் கிடைக்கலாம். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய உதவி தனி. பதிவு செய்த தொழிலாளியின் குடும்பம் அதையும் கேட்கலாம்.

ஜூலை 24

மனு. விபத்து அல்லது இறப்பு நடந்து 2 ஆண்டுக்குள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் ஏற்கலாம், அதை நம்பி இருக்க வேண்டாம். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. மனுதாரர் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமும் போடலாம். பிழைக்கப் போன இடத்தில் இறந்தவரின் மனைவிக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

இணைக்க வேண்டியவை: ஏ.ஆர். காப்பி, முதல் தகவல் அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, ஊனச் சான்றிதழ் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, வயதுச் சான்று, சம்பளச் சான்று, வாரிசுச் சான்றிதழ், அறிவிப்பின் நகலும் தபால் ரசீதும். சம்பளத்துக்குச் சான்றே இல்லையென்றால் அந்த வேலைக்கு அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலியை அடிப்படையாக வைக்கும்படி கேளுங்கள்.

உத்தரவுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதுவும் முக்கியமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டும். முதலாளி மேல்முறையீடு செய்தால் தொகை முழுவதையும் முன்கூட்டியே ஆணையரிடம் கட்டியதற்கான சான்றிதழைச் சேர்த்துத்தான் தாக்கல் செய்ய முடியும்.