காக்குமாவில் வெல்டிங் வாத்தியார்

ஊருக்கு விடுமுறையில் வந்தால், ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது கேட்பார்கள்: "பிரதர், அங்க எத்தனை பேரு மனம் திரும்பியிருக்காங்க?" அக்கறையோடுதான் கேட்கிறார்கள். வெளிநாட்டுக்குப் போன மறைபரப்பாளர் என்றால் மரத்தடியில் போதிப்பவர், ஆற்றங்கரையில் ஞானஸ்நானம் கொடுப்பவர் என்ற படம் மறைக்கல்வி வகுப்பிலிருந்தே நம் மனதில் பதிந்திருக்கிறது. நான் குரு அல்ல, துறவறச் சகோதரன். கென்யாவின் வடமேற்கில், துர்க்கானா வட்டாரத்தில் இருக்கும் காக்குமா அகதிகள் முகாமில், எங்கள் சபையின் தொழிற்பயிற்சிக் கூடத்தில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். காலையிலிருந்து மாலை வரை அதுதான் என் பணி.

காக்குமா முகாம் 1992-ல் தொடங்கியது. சூடான் உள்நாட்டுப் போரில் பெற்றோரைப் பிரிந்து எத்தியோப்பியா வரை நடந்துபோய், அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் மறுபடி நடந்து வந்த சிறுவர்கள்தான் முதலில் இங்கே குடியேறியவர்கள். அப்புறம் சோமாலியா, எத்தியோப்பியா, காங்கோ, புருண்டி என்று வரிசையாக மக்கள் வந்தார்கள். 2005 அமைதி உடன்பாட்டுக்குப் பிறகு தென்சூடான் குடும்பங்கள் பல ஊர் திரும்பின. 2011-ல் தனி நாடும் கிடைத்தது. 2013 டிசம்பரில் அங்கே சண்டை மூண்டதும் திரும்பவும் இங்கேயே வந்தார்கள். இடம் போதாமல் 2016-ல் பக்கத்திலேயே கலோபேயி என்று இன்னொரு குடியிருப்பு திறந்தார்கள். இரண்டையும் சேர்த்தால் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணி என்று ஒன்று முதன்முறையாக இறங்கியது நினைவிருக்கலாம். அதில் ஓடிய தென்சூடான் வீரர்கள் ஐந்து பேரும் காக்குமாவில் வளர்ந்தவர்கள்.

நான் ராமநாதபுரத்துக்காரன். வெயிலும் வறட்சியும் எனக்குப் புதிதல்ல. ஆனால் இங்கே வந்து இறங்கியதும் பாதையின் இரு பக்கமும் சீமைக்கருவேலம் நிற்பதைப் பார்த்தபோது உண்மையிலேயே திகைத்துப்போனேன். பாலைவனம் பரவாமல் தடுக்க என்று ஒரு காலத்தில் இங்கேயும் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். நம் கண்மாய்களைப் பிடித்ததுபோலவே இங்குள்ள ஆற்றோரங்களையும் அது பிடித்துக்கொண்டது. துர்க்கானா பெண்கள் அதை வெட்டி, கரிமூட்டம் போட்டு, கரியை முகாமுக்குச் சுமந்துவந்து மாவுக்கும் எண்ணெய்க்கும் மாற்றிக்கொள்வார்கள். கரிமூட்டத்தை எப்படி மண்போட்டு மூடுவது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெண்களோடு முதலில் பேச வாய்த்த விஷயமே அதுதான். அவர்களும் ஏழைகள். அகதிகளுக்கு மட்டும் எல்லாம் கிடைக்கிறது என்ற மனக்குறை அவர்களுக்கு உண்டு, அதில் நியாயமும் உண்டு. பயிற்சிக்கூடத்தில் துர்க்கானா பிள்ளைகளையும் சேர்ப்பதை நான் முக்கியமாக நினைப்பது இதனால்தான்.

பட்டறையில் வேலை விடிந்ததுமே தொடங்கிவிடும். பத்து மணிக்கு மேல் வெளியில் கிடக்கும் இரும்பில் வெறுங்கை வைக்க முடியாது. இரும்பும், வெல்டிங்கில் உருகி ஒட்டும் ராடும் தெற்கிலிருந்து லாரியில் வரவேண்டும். மழை பெய்து காட்டாற்றில் வெள்ளம் வந்துவிட்டால் லாரி வழியிலேயே நிற்கும், நாங்கள் இருப்பதை வைத்து ஓட்டுவோம். அதனால் ஒவ்வொரு ராடையும் ஹோல்டரில் பிடிக்க முடியாத அளவுக்குக் குட்டையாகும்வரை பயன்படுத்தப் பழக்குகிறேன். முதல் சில வாரங்கள் கோடு போடுவது மட்டும்தான். பழைய தகடு ஒன்றை வைத்து, கை நடுங்காமல், ஒரே வேகத்தில், ஒரே இடைவெளியில் கோடு கோடாக ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்புறம் சுத்தியால் கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தால் செய்த வேலை நல்லதா கெட்டதா என்பது அப்படியே தெரிந்துவிடும். யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த நேரம் அதுதான்.

முகாமில் வீட்டுக் கதவுகள் பெரும்பாலும் உதவிப் பொருளாக வந்த சமையல் எண்ணெய் டின்களை வெட்டி, தட்டையாக்கி, மரச்சட்டத்தில் ஆணியடித்தவை. மாணவர்கள் முதன்முதலாக முழுதாகச் செய்ய விரும்புவது என்ன என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு கதவு. பூட்டு போடக்கூடிய, கீல் வைத்த, உறுதியான இரும்புக் கதவு. இரவில் ஓடிப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளைக்கு அம்மா உள்ளே தூங்கும்போது கதவு தாழிடப்பட்டிருக்க வேண்டும் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவுக்கு அடுத்து தள்ளுவண்டி. தண்ணீர் கேன்களையும் ரேஷன் மூட்டைகளையும் தலையில் சுமக்கும் தாய்மார்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள்.

வகுப்பில் டிங்கா பையன் பக்கத்தில் நூயர் பையன் நிற்பான். அவர்களுடைய தென்சூடானில் இந்த இரண்டு இனங்களுக்கிடையே ஓடிய ரத்தம் கொஞ்சமல்ல. ஆனால் ஒருவன் சட்டத்தை அசையாமல் பிடிக்காவிட்டால் இன்னொருவன் டேக் (முதலில் வைக்கும் சிறு ஒட்டு) வைக்க முடியாது. பொது மொழி ஸ்வாஹிலி, எங்கே திணறினாலும் சைகை. என்னை "ம்வாலிமு" என்று கூப்பிடுவார்கள், அங்கே ஆசிரியரை அப்படித்தான் அழைப்பார்கள். சோமாலியப் பிள்ளைகள் தொழுகை நேரத்தில் கையைக் கழுவிவிட்டுப் போய்த் தொழுதுவிட்டு வந்து மறுபடி ஹோல்டரைப் பிடிப்பார்கள். ரமலானில் கடின வேலைகளை அதிகாலைக்கு மாற்றிக்கொள்வோம். அவர்களில் ஒருவரிடமும் நான் மதம் மாறச் சொல்லிப் பேசியதில்லை, பேசவும் மாட்டேன். பசியோடும் பயத்தோடும் வந்த ஒருவருக்குத் தொழிலைக் காட்டி ஆள் சேர்ப்பது சுவிசேஷத்துக்கே விரோதம் என்பது என் உறுதியான எண்ணம். நாசரேத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தச்சுப் பட்டறையில் கழித்தவரைப் பின்பற்ற வந்தவன் நான். நேராக ஒரு சட்டம் அடிக்கக் கற்றுக்கொடுப்பது அவருடைய வேலையாகவே எனக்குத் தோன்றுகிறது. அதற்குப் பின்னால் வேறொரு நோக்கம் ஒளிந்திருக்க வேண்டியதில்லை.

பெண்களும் வருகிறார்கள். தொடக்கத்தில் எல்லோரும் தையலுக்கே போனார்கள். இப்போது சிலர் வெல்டிங்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு வந்து, வேலை நேரத்தில் தங்கையிடம் கொடுத்துவிட்டு முகமூடியை மாட்டும் தாய்மார் உண்டு. கையின் நிதானத்தில் அவர்கள் பையன்களைவிட ஒரு படி மேல் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

நம்பிக்கையைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி. முகாமின் ஒவ்வொரு பகுதியிலும் மண் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு சிற்றாலயம் இருக்கும். அங்கே எல்லாமே உபதேசியார்தான். குருவானவர் எல்லா வாரமும் எல்லா இடத்துக்கும் போக முடியாது. உபதேசியார் வாசகம் வாசிக்கிறார், மன்றாட்டு நடத்துகிறார், புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்க்கிறார், பிள்ளை இறந்த வீட்டில் விடிய விடிய உட்காருகிறார், அடக்கம் செய்கிறார். சிறுவனாக நடந்து வந்தவர்களில் சிலர் இன்று அந்த உபதேசியார்கள். டிங்கா மக்கள் போர்க்காலத்தில் தாங்களே இயற்றிய வழிபாட்டுப் பாடல்கள் நிறைய உண்டு, பலவும் பெண்கள் இயற்றியவை. மரச்சிலுவையை உயர்த்திப் பிடித்து, பறை அதிர, அவற்றைப் பாடுவதைக் கேட்டவனுக்கு இவர்களுக்குப் போய் விசுவாசம் போதிக்க வேண்டும் என்ற எண்ணமே வராது. நான் பின்வரிசையில் நின்று சேர்ந்து பாடுகிறேன்.

"இந்தியாவிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்களா?" என்று கேட்பார்கள். இந்தியர் என்றால் நைரோபியில் கடை வைத்திருப்பவர் என்றுதான் பலருக்குத் தெரியும். அப்போது எங்கள் ராமநாதபுரத்து ஓரியூரைப் பற்றிச் சொல்வேன். போர்ச்சுகலிலிருந்து வந்து, நம் பேச்சும் நம் உடையும் நம் சாப்பாடும் ஏற்று வாழ்ந்த அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-ல் அங்கே தலை வெட்டுண்டு இறந்தார். அவருக்கு 1947-ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். சூடானில் பிறந்த புனித பக்கீத்தா கண்மூடியது அதே 1947 பிப்ரவரி 8-ல். டார்ஃபூரில் சிறுமியாகக் கடத்தப்பட்டு, பலமுறை விற்கப்பட்டு, கடைசியில் இத்தாலியில் கன்னியராக வாழ்ந்தவர் அவர். சூடான் பெண்கள் அவரைப் பற்றி வீட்டு மூத்தவரைப் போல உரிமையோடு பேசுவார்கள். இரண்டு திருநாளும் ஒரே வாரத்தில் வருவதைச் சொன்னதும் உபதேசியார் ஒருவர் சிரித்து, "அப்படியானால் சேர்த்தே கொண்டாடுவோம்" என்றார். இப்போது பிப்ரவரி முதல் வாரத்தில் ஓரியூருக்கும் ஒரு மன்றாட்டு உண்டு.

கஷ்டம் இல்லாமல் இல்லை. பயிற்சி முடித்த பிள்ளைகள் கென்ய அரசின் தொழில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்குகிறார்கள். ஆனால் முகாமை விட்டு வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டும். 2021-ல் வந்த அகதிகள் சட்டம் வேலை செய்யும் உரிமையை விரிவாக்கியது. அது இவர்கள் கைக்கு வந்து சேர்வது மெதுவாகத்தான் நடக்கிறது. நல்ல கைத்திறனுள்ள ஒருவர் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு வருடக்கணக்கில் பாதுகாத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதைவிட மோசம் பசி. உலக நாடுகளின் நிதி சுருங்கச் சுருங்க ரேஷன் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. வெறும் வயிற்றோடு வெயிலில் நின்று வெல்டிங் செய்தால் கண் இருட்டும், கை தவறும், விபத்தாகும். ஆகவே பட்டறையில் முற்பகலில் எல்லோருக்கும் ஒரு குவளை கஞ்சி என்று வைத்தோம். இந்த வருடம் எங்கள் பயிற்சிக்கூடத்தின் மிக அவசியமான செலவு எது என்று கேட்டால், இரும்பு அல்ல, அந்தக் கஞ்சி என்பேன்.

ராத்திரி அம்மாவோடு பேசுவேன். அங்கே இரண்டரை மணி நேரம் கூடுதல் என்பதால் நான் தாமதித்தால் அவர் தூங்காமல் காத்திருப்பார். "சாப்பிட்டியாப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. மக்காச்சோள மாவில் கிண்டிய உகாலியும் கீரையும் என்று சொன்னால், "நம்ம களிதானே" என்று ஆறுதல் அடைந்துவிடுவார்.

என்னைப்போல வெளிநாட்டுப் பணிக்குப் போக விரும்பும் தம்பிகள் சிலர் செய்தி அனுப்பிக் கேட்கிறார்கள், என்ன தயாரிப்பு வேண்டும் என்று. இறையியல் படியுங்கள், நல்லதுதான். கூடவே, விடுமுறையில் ஊர்ப் பட்டறை ஒன்றில் போய் உண்மையாக வேலை பாருங்கள். டீசல் ஜெனரேட்டரைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்வாஹிலியை விமானம் ஏறும் முன்பே தொடங்குங்கள். பிளம்பிங் தெரிந்தவர் யாராவது இருந்தால் உடனே எழுதுங்கள். அந்தப் பிரிவுக்கு எங்களிடம் இப்போது வாத்தியார் இல்லை, சேர விரும்பிப் பெயர் கொடுத்த பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.