இருட்டில் 10 நொடி

விளம்பரக் கம்பெனியில் வேலை கேட்கும்போது காட்டுவதற்காக, யாரும் கேட்காமல், எந்தக் கம்பெனியும் காசு தராமல் நாமே விளம்பரம் எழுதிப் பழகும்போது ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. கண்ணில் படுவதையெல்லாம் நொடியில் எண்ணுவது. 30 நொடியில் கதை முடிய வேண்டுமே. பாப்பா சாம்பார்க் கையைச் சுவரில் தேய்த்தால் 6 நொடி, பெயின்ட் விளம்பரம். அம்மாவின் செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரை போனால் 12 நொடி, செருப்பு விளம்பரம். ஒன்றே முக்கால் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் யோசனைக்குப் பஞ்சமே இல்லை. பகலில் வேலூர் சத்துவாச்சாரியில் ஜவுளிக்கடை நோட்டீசுக்கு டிசைன், அவள் தூங்கியதும் இந்த நோட்டுப் புத்தகம்.

அன்றைக்கு கத்திரி வெயில். ராத்திரி எட்டரை மணிக்குக் கரன்ட் போனது. ஃபேன் நின்றது. நான் ஹாலில் அலமாரி ஓரமாக நின்றிருந்தேன். நாலடி தூரத்தில் பாப்பா.

"அப்பா?"

நான் பதில் சொல்லவில்லை. கொலுசு இரண்டு அடி நகர்ந்தது. "அப்பா?" மறுபடியும் கொலுசு. சுவரைக் கை தடவும் சத்தம். அப்புறம் கொலுசு நின்றுவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தில் அழுதாள்.

அடுப்படியிலிருந்து மனைவி போன் வெளிச்சத்தோடு ஓடி வந்தாள். வெளிச்சம் நேராக என் முகத்தில் விழுந்தது.

"இங்கதானே நிக்கறீங்க? புள்ள கூப்பிடறது காதுல விழலையா?"

"இல்ல, என்ன பண்றான்னு பார்த்தேன்."

"இருட்டுல இன்னாத்தைப் பார்த்தீங்க?"

இந்தக் கேள்விக்கு எத்தனையோ பதில் யோசித்துவிட்டேன். பார்க்கவில்லை, கேட்டேன். கொலுசுச் சத்தத்தை வைத்து அவள் எங்கே நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் சூடான பாத்திரமோ படியோ எதுவும் இல்லை. குழந்தை தானாக வழி கண்டுபிடித்துப் பழகட்டும் என்று நினைக்காத அப்பா உண்டா? எல்லாம் உண்மைதான். ஆனால் எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதும் உண்மை. அதை மனைவியிடம் சொல்லவில்லை.

அன்று ராத்திரியே எழுதினேன். இன்வெர்ட்டர் விளம்பரம். திரை முழுக்கக் கறுப்பு. குழந்தைக் குரல், கொலுசு, கொலுசு நிற்கிறது. விளக்கு எரிகிறது, எதிரில் அப்பா கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எங்கள் வீட்டு அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

காட்பாடியில் ரயில் ஏறிப் போய், சென்னையில் விளம்பரத் துறையில் இருக்கும் ஒரு சீனியர் மேடத்திடம், எழுதி வைத்திருந்த ஐந்து விளம்பரங்களையும் காட்டினேன். பெயின்ட், செருப்பு, சோப்பு மூன்றையும் நிற்காமல் புரட்டினார். குழந்தை உணவு விளம்பரத்தை அடித்தேவிட்டார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவை விளம்பரம் செய்யவே கூடாதென்று 1992 சட்டத்தை 2003லேயே திருத்திவிட்டார்கள், அது தெரியாமல் இந்த வேலைக்கு வரக் கூடாது என்றார். இன்வெர்ட்டரில் மட்டும் நின்றார். "இது உங்க வீட்டுல நடந்ததா தம்பி?" தலையாட்டினேன். "நல்லா இருக்கு. ஆனா கறுப்பு ரொம்ப நேரம். அஞ்சு நொடி போதும்."

நான் விடவில்லை. பத்து நொடி வேண்டும் மேடம், கொலுசு நின்ற பிறகுதான் பார்க்கிறவர்களுக்கு வயிற்றைப் பிசையும் என்று கால் மணி நேரம் வாதாடினேன். கடைசியில் அவரும் சரி என்றார்.

திரும்பி வரும்போது சோளிங்கர் தாண்டியதும் உறைத்தது. நான் எதற்காக வாதாடினேன்? அவள் பயந்த நேரம் குறையக் கூடாது என்று. விளம்பரத்தில் நடிக்கும் குழந்தைக்குக் கூட நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. அன்றைக்கு ஹாலில் பாப்பா செய்ததும் வேலைதானோ என்று ஒரு நினைப்பு. பத்து நொடிக்கு இவ்வளவு யோசிப்பது அதிகம் என்றும் ஒரு நினைப்பு. அவள் அதை என்றோ மறந்திருப்பாள். ஐந்தில் உயிர் உள்ளது அது ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் வேலைக்கு எதைக் காட்டுவது? இன்னும் எடுக்கவில்லை. மனைவியிடம் காட்டவும் இல்லை.

நேற்று மறுபடியும் கரன்ட் போனது. அவள் கூப்பிடும் முன்பே, "பாப்பா, அப்பா இங்கதான் இருக்கேன்" என்றேன். கொலுசு நிற்காமல் நேராக வந்து முழங்காலில் இடித்தது.

நாலு நொடி.