சட்டியைக் கவிழ்ப்பதற்கு முன்

"வணக்கம் உறவுகளே, எல்லாரும் எப்படி இருக்கிறீங்க" என்று தொடங்குகிற காணொளியில், அந்த வணக்கம் முடிவதற்குள்ளேயே நிறையப் பேர் விரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். இலங்கையின் கிழக்குக் கரையில் வாழைச்சேனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் உள்ள சின்னக் கடைகளுக்கும் கைத்தொழில் செய்கிறவர்களுக்கும் குறுங்காணொளி எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை, அதனால் இதை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். யூடியூப் ஸ்டூடியோவில் ஷோட்ஸ் என்கிற குறுங்காணொளி ஒன்றைத் திறந்தால் விநாடிக்கு விநாடி எத்தனை பேர் மிஞ்சியிருக்கிறார்கள் என்று ஒரு கோடு காட்டும், பார்த்தவர்கள் எத்தனை வீதம், பார்க்காமலே தள்ளிவிட்டவர்கள் எத்தனை வீதம் என்று தனியாக ஒரு கணக்கும் வரும். வணக்கம் சொல்கிற இடத்தில் கோடு விழுவதைப் பார்த்தால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மனம் நோகும். வீட்டுக்கு வந்தவரை வாங்க, இருங்க என்று சொல்லாமல் கதையைத் தொடங்குவது எங்களுக்குப் பழக்கமில்லைதானே. ஆனால் போனில் பார்க்கிறவர் வீட்டுக்கு வந்தவர் இல்லை. அவர் பஸ்ஸில் நிற்கிறார், கட்டாரில் வேலை முடிந்து அறையில் படுத்திருக்கிறார், ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு மறு கையால் தள்ளிக்கொண்டிருக்கிறார். நாங்கள் மரியாதை செய்ய வேண்டியது அவருடைய நேரத்துக்கு.

காத்தான்குடியில் ஒரு புடவைக் கடைக்காரர் முதல் நாளே தெளிவாகச் சொன்னார்: "கடைட பேரு முதல்ல வரணும் தம்பி, லோகோ சுத்திச் சுத்தி வரணும், மறுகா உடுப்பக் காட்டுங்க." (மறுகா என்றால் பிறகு.) இங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள், அப்படியே கூப்பிட்டுக் கேட்டேன், "காக்கா, றோட்டால போற சனம் உங்கட போர்ட்டப் பார்த்தா உள்ள வருது, தொங்குற சாரியப் பார்த்தா வருது?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாரியத்தான்" என்றார். அவருடைய கடையில் வேலை செய்கிற பையன் ஒருவன் சாரியை உதறி மேசையில் விரிப்பான், அந்தத் துணி காற்றில் ஒருமுறை எழும்பி, பட்டென்று ஒரு சத்தத்தோடு விழுந்து, கரை முழுக்கத் தெரியும்படி கிடக்கும். அதைத்தான் முதல் காட்சியாக வைத்தோம். கடைப் பெயர் எங்கே வந்தது என்றால், கடைசியில் சாரியை மடித்துப் போடுகிற பையில். பையில் பெயர் முன்னமே அச்சடித்திருந்தது, நான் எதையும் சேர்க்கத் தேவையிருக்கவில்லை.

இந்த "முதல் மூன்று விநாடி" கதை இப்போது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததால் வந்த கேடு, எல்லாரும் அந்த மூன்று விநாடிக்குள் கத்துகிறார்கள், எழுத்தைப் பெரிதாக்குகிறார்கள், முகத்தைக் கமராவுக்குள் நுழைக்கிறார்கள். பிடித்துவிட்டோம் சரி, பிறகு என்ன? நாலாவது விநாடியில் என்ன வைத்திருக்கிறோம் என்பதற்குப் பதில் இல்லாத காணொளிகளின் கோடு நடுவில் சரிந்துகொண்டே போகிறது. என் அனுபவத்தில் ஆட்களை நிறுத்தி வைப்பது வேகமும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு வேலை தொடங்கிவிட்டது, அது எப்படி முடியும் என்று பார்க்க வேண்டும் என்கிற ஆசைதான் நிறுத்தி வைக்கிறது. கைவேலை பார்க்கிற மனிதர்களைப் படம்பிடிக்கத் தொடங்கிய பிறகு இது எனக்கு இன்னும் உறுதியாகிவிட்டது.

படுவான்கரைப் பக்கம் எருமைத் தயிர் போடுகிற ஓர் அம்மாவைப் படம்பிடித்தோம். எருமைப் பாலில் கொழுப்பு பசும்பாலைவிடக் கூட, அதோடு மண்சட்டி பாலில் உள்ள தண்ணீரில் கொஞ்சத்தை உறிஞ்சிவிடும், அதனால் தயிர் கட்டியாக இறுகி நிற்கும். நல்ல தயிர் என்று காட்டுவதற்கு எங்கள் ஊரில் சட்டியைக் கவிழ்த்துக் காட்டுவார்கள், விழாது. காணொளி எடுக்கிற எவருக்கும் இதுதான் காட்சி என்று உடனே தெரியும், முன்னமே பலர் எடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் கவிழ்த்த சட்டியை முதல் விநாடியிலேயே முழுசாகக் காட்டிவிட்டால் பார்க்கிறவர் "ஓ" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார், அவருக்கு நிற்கக் காரணமில்லை. அதனால் அந்த அம்மாவின் இரண்டு கையும் சட்டியின் விளிம்பைப் பிடித்துச் சரிக்கத் தொடங்குகிற இடத்தில் வெட்டிவிட்டு, பால் கொதிக்கிற அடுப்புக்குப் போனேன்.

பிறகு வருவது எல்லாம் காத்திருப்பு. பார்க்கிறவர் காத்திருக்கிறார் என்பதற்காக அந்த நேரத்தை எதையாவது போட்டு நிரப்பக்கூடாது, ஒவ்வொரு காட்சிக்குள்ளும் ஒரு சின்னக் கேள்வி இருக்க வேண்டும். பால் பொங்கி விளிம்பு வரை வருகிறது, வெளியே ஊற்றுமா? அவர் விறகை இழுத்துவிட அது இறங்குகிறது. ஆற வைத்த பாலில் விரலை வைத்துப் பார்க்கிறார், உறை போட இந்தச் சூடு சரியா? "கை பொறுக்கணும், அவ்வளவுதான்" என்கிறார். அந்த ஒரு வரியில் ஒரு தொழில் முழுக்க இருக்கிறது, அதைப் பின்னணிப் பாட்டால் மூட எனக்கு மனம் வரவில்லை. உறையைக் கலக்கிச் சட்டிகளில் ஊற்றுகிறார், வரிசையாக வைக்கிறார், மூடுகிறார், இருட்டுகிறது, விடிகிறது. திரும்பவும் அதே இரண்டு கை, அதே சட்டி. இந்த முறை முழுதாகக் கவிழ்க்கிறார். அந்த இடத்தில் நான் வெட்டவில்லை. அவர் சட்டியைத் தலைகீழாகப் பிடித்தபடியே நின்றார், வேண்டுமென்றே நேரம் எடுத்தார், பிறகு என்னைப் பார்த்து "என்ன மனே, பயந்து போனியா?" என்று சிரித்தார்.

அந்தக் காணொளியின் கோடு கடைசியில் கீழே போகாமல் மேலே ஏறியது, சட்டி கவிழ்கிற இடத்தை ஆட்கள் பின்னால் இழுத்துத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். கொமெண்டில் தயிரைப் பற்றிச் சொன்னவர்களுக்குச் சமமாக மகனே என்பதை எங்கள் பக்கம் சொல்கிற அந்த "மனே"யைப் பற்றிச் சொன்னவர்கள் இருந்தார்கள், சுவிசிலிருந்தும் கனடாவிலிருந்தும். வேறு யாராவது எடிட் பண்ணியிருந்தால் அந்தச் சிரிப்பைத் தேவையில்லாத பகுதி என்று வெட்டியிருக்கக்கூடும். எனக்கு அதுதான் காணொளி.

இதில் ஒரு நேர்மையும் இருக்கிறது. சட்டியைச் சரித்துக் காட்டி ஆசையைக் கிளப்பினால், அதே சட்டியைக் கவிழ்த்துக் காட்டியே ஆக வேண்டும். "மீதி அடுத்த பாகத்தில்" என்று அறுத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், முகப்பில் ஒன்றைக் காட்டிவிட்டு உள்ளே வேறொன்றைத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். ஒருமுறை நிறையப் பேர் பார்ப்பார்கள், பிறகு அந்தப் பெயரைக் கண்டாலே தள்ளிவிடுவார்கள். பெரிய நகரத்தில் இது எடுபடுமோ என்னவோ, எங்கள் ஊரில் காணொளியைப் பார்க்கிறவரும் சந்தையில் சாமான் வாங்குகிறவரும் ஒரே ஆள்.

மட்டக்களப்புக் கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை என்று நினைக்கிறேன். வட்டக்களரியில் சுற்றிவர ஆட்கள் இருப்பார்கள், விடிய விடிய நடக்கும், பிடிக்காவிட்டால் எழுந்து போய்த் தேத்தண்ணி குடிக்க யாருக்கும் தடையில்லை. அப்படி எழுந்து போகக்கூடியவர்களை, கூத்தைப் பழக்கி ஆட்டுவிக்கிற அண்ணாவிமார் இருத்தி வைத்தார்கள். வடமோடி, தென்மோடி என்கிற இரண்டு கூத்து வகையிலும் ஒவ்வொரு பாத்திரமும் தனக்கென்று ஒரு வரவோடு களரிக்கு வரும், மத்தளம் மாறும்போதே சனம் நிமிர்ந்து உட்காரும், யார் வருகிறார், இனி என்ன நடக்கப்போகிறது என்று. ஒரு நிமிடக் காணொளியில் ஒரு புது ஆள், ஒரு புது இடம் வருகிற ஒவ்வொரு தடவையும் நான் அதைத்தான் தேடுகிறேன்: சத்தம் மாற வேண்டும், காட்சிக்கு முன்னாலேயே சத்தம் வந்துவிட வேண்டும். அடுப்புக் காட்சி முடிவதற்குள் சட்டிகள் மோதுகிற ஒலி கேட்கத் தொடங்கினால் கண் தானாக அடுத்த காட்சிக்குத் தயாராகிவிடும்.

சத்தத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே அதிகம் வீணாகிறது அதுதான். மருதமுனையில் கைத்தறி ஓடுகிற இடத்தில் நின்று பாருங்கள், நாடா போய் வருகிற சத்தம், பலகை வந்து அடிக்கிற சத்தம், பக்கத்துத் தறி கொஞ்சம் பிந்தி அடிக்கிறது, இரண்டும் சேர்ந்து ஒரு தாளமாகிவிடுகிறது. இதை எடுத்து வைத்துக்கொண்டு அதற்கு மேலே இந்த வாரம் ஓடுகிற சினிமாப் பாட்டைப் போடச் சொல்கிறார்கள். டிக்டொக்கில் வியாபாரக் கணக்குக்கு எல்லாப் பாட்டும் கிடைக்காது, வணிகப் பாவனைக்கு அனுமதித்த தொகுப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும், ஆகவே அந்த ஆசை பாதி இடத்தில் நடப்பதும் இல்லை. நல்லதுதான். நான் தறியின் தாளத்துக்கே வெட்டுகிறேன், பலகை அடிக்கும்போது காட்சி மாறும். சில இடத்தில் மாற்றாமல் நிறைய நேரம் விட்டுவிடுவேன், நூல் நூலாகப் பூ ஒன்று துணியில் எழும்பி வருகிற இடம் அப்படிப்பட்டது. இரண்டு விநாடிக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் ஆட்கள் போய்விடுவார்கள் என்று சொல்கிறவர்களிடம் அந்தப் பூவைக் காட்டுகிறேன்.

சத்தமில்லாமல் பார்க்கிறவர்களும் நிறைய, அதனால் எழுத்தும் வேண்டும். தமிழில் எழுத்துப் போடுவது தனி வேலை. சொற்கள் நீளம், நிமிர்த்திப் பிடித்த போன் திரையில் "காய்ச்சிக்கொண்டிருக்கும்போது" என்ற ஒரு சொல்லே ஒரு வரியைத் தின்றுவிடும். வலது ஓரத்திலும் அடியிலும் செயலியின் பொத்தான்களும் பெயரும் வந்து உட்காரும், அங்கே போட்ட எழுத்தை யாரும் வாசிக்க முடியாது, கடைத் தொலைபேசி இலக்கத்தை அங்கே போட்டவர்கள் எத்தனையோ பேர். தானாக எழுத்துப் போடுகிற வசதி எங்கள் பேச்சைப் பிடிப்பதில்லை, "மறுகா" என்றால் அதற்கு ஒன்றும் விளங்குவதில்லை, கையால்தான் திருத்துகிறேன். பேச்சை எழுத்துத் தமிழாக மாற்றிப் போடச் சொல்லி சிலர் கேட்பார்கள், மாற்றமாட்டேன். அந்த அம்மா சொன்னது "மனே", எழுத்திலும் "மனே".

ஒரு விசயத்தில் மட்டும் நான் யாரோடும் இறங்கிப் போவதில்லை. கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கியதும் பழைய வெள்ளக் காட்சிகளை எடுத்து "இப்போது" என்று எழுதிப் போடுகிறார்கள், கடல் பொங்குகிறது, குளம் உடைகிறது என்று தலைப்பு வைக்கிறார்கள். ஆட்கள் கடைசி வரைக்கும் பார்ப்பார்கள், பயந்தவர் தள்ளிவிட்டுப் போகமாட்டார்தானே. எங்கள் கரை 1978 நவம்பரில் சூறாவளியைக் கண்டது, 2004 டிசம்பர் 26 அன்று கடலைக் கண்டது, அன்றைக்கு இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. நாவலடியிலும் கல்லடியிலும் மருதமுனையிலும் இப்போதும் கடல் கொஞ்சம் சத்தம் போட்டால் எழுந்து வெளியே வந்து பார்க்கிற வீடுகள் இருக்கின்றன. அந்தப் பயத்தைத் தொட்டு ஒருவரை நாற்பது விநாடி இருத்தி வைப்பதை நான் தொழில் என்று சொல்லமாட்டேன். பக்கத்தை வளர்த்துத் தாருங்கள் என்று இந்த வழியைக் காட்டி ஒருவர் கேட்டார், நல்ல காசு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எண்ணிக்கை பற்றிய கதையும் இருக்கிறது. 2024 ஒக்டோபர் 15க்குப் பிறகு ஷோட்ஸ் மூன்று நிமிடம் வரை போடலாம் என்றானதும், கடைக்காரர்கள் இடம் கிடைத்ததென்று எல்லாச் சாமானையும் ஒரே காணொளியில் ஏற்றச் சொன்னார்கள். மறு வருடம் மார்ச் 31இலிருந்து காணொளி ஓடத் தொடங்கினாலே யூடியூப் ஒரு பார்வை என்று கணக்கெடுக்கிறது, திரும்ப ஓடினால் அதையும் சேர்க்கிறது, அதனால் எண்ணிக்கை கூடித் தெரிகிறது. சந்தோசப்பட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருந்தது. நின்று பார்த்தவர்களின் கணக்கு உள்ளே தனியாக இருக்கிறது, நான் வட்ஸ்அப்பில் அனுப்புவது அதையும் அந்தக் கோட்டையும்தான்.

புடவைக் கடைக் காக்கா இப்போது அந்தக் கோடு எங்கே விழுகிறது என்று என்னைவிடக் கவனமாகப் பார்க்கிறார். போன கிழமை குரல் பதிவில், "இந்த இடத்துல விலையச் சொல்லிட்டீங்க தம்பி, அதான் எல்லாரும் போயிட்டாங்க" என்றார். உண்மைதான், விலைக்காகவே காத்திருந்தவர்கள் விலை தெரிந்ததும் போய்விடுகிறார்கள். அப்படியென்றால் விலையைக் கடைசிக்குத் தள்ளுவோம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, விலையைக் கேட்டதும் போகிறவர் கடைக்கு வந்தாலும் போகத்தான் போகிறார், அவரை வைத்திருந்து என்ன செய்வது, முதலிலேயே சொல்லிவிடுவோம், அதற்குப் பிறகும் நிற்கிறவர்தான் வாங்க வருவார் என்கிறார். எனக்கு இன்னும் முழுதாக மனம் ஒப்பவில்லை, இரண்டு நாளாக வாதாடிக்கொண்டிருக்கிறோம். பெருநாளைக்கு எடுக்கப்போகிற காணொளியில் சாரி மேசையில் விழுகிற அதே நேரத்தில் விலையும் வரும்.