எட்டு வாரம் வீணான கதை

எனக்குத் தைராய்டு இருப்பது போன வருஷம்தான் தெரிந்தது. இதைச் சொன்னதும் தம்பி சிரித்தான். "தைராய்டு எல்லாருக்கும்தான்க்கா இருக்கு. உனக்கு அது சரியா வேலை செய்யல." அதுவும் சரிதான்.

பிழை திருத்துவது என் தொழில். ஒரே வரியை மூன்று முறை படித்தும் மண்டையில் ஏறவில்லை என்றதும் கண்ணாடியை மாற்றினேன். மற்றவர்கள் மின்விசிறியைக் கூட்டச் சொல்லும் அறையில் நான் மட்டும் போர்வைக்குள் இருந்தேன். மலச்சிக்கல், முடி உதிர்வு, வறண்ட தோல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சமாதானம் வைத்திருந்தேன். குரல் கரகரத்துப்போய், போனில் அக்கா என்னைத் தம்பி என்று நினைத்துப் பேசிய பிறகுதான் ரத்தம் கொடுக்கப் போனேன்.

தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச். 38. பக்கத்திலேயே இயல்பு அளவு 0.4 முதல் 4 வரை என்று அச்சிட்டிருந்தது. "இவ்வளவு கூடிப்போச்சா?" என்று கேட்டேன். விஷயம் தலைகீழ். டி.எஸ்.எச்.-ஐத் தைராய்டு சுரப்பதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பி, "சுரந்து கொடு" என்று தைராய்டுக்கு அனுப்பி வைக்கும் ஆள்தான் அது. கழுத்தில் இருப்பது சோம்பினால் மேலே இருப்பது ஆள்மேல் ஆள் அனுப்பும். உண்மையில் தைராய்டு சுரக்க வேண்டிய டி4 என்ற ஹார்மோன் எனக்குக் குறைவாக இருந்தது. கூடவே டி.பி.ஓ. எதிர்ப்பொருளும் அதிகம். உடம்பின் காவல்காரர்களே சுரப்பியைத் தாக்குகிறார்கள் என்று அர்த்தம். ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912-இல் விவரித்த நோய், அவர் பெயரிலேயே வழங்குகிறது.

அந்த டி4-ஐயே மாத்திரையாகத் தரும் லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம் எழுதிக் கொடுத்தார் டாக்டர். ஹீமோகுளோபினும் குறைவு என்பதால் இரவுக்கு ஓர் இரும்பு மாத்திரை. நான் கெட்டிக்காரி அல்லவா? எதற்கு இரண்டு வேளை என்று இரண்டையும் ஒன்றாகக் காலைக் காபியோடு விழுங்கினேன். பத்தாவது நாளே, "ஒன்றும் தெரியவில்லையே" என்று போன் போட்டு நச்சரித்தேன். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால் டி.எஸ்.எச். 31.

டோஸைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "எப்போ போடுறீங்க, எதோட போடுறீங்க?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இரும்பும் கால்சியமும் இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளுமாம், ரத்தத்துக்குப் போக விடாது. நடுவே 4 மணி நேர இடைவெளி வேண்டும். காபியும் உறிஞ்சுவதைக் கெடுக்கும். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் சும்மா இருக்க வேண்டும்.

நச்சரித்ததற்கும் அன்றுதான் பதில் கிடைத்தது. டி4 உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் 7 நாள் ஆகும். அதனால் ரத்தத்தில் அது ஒரு நிலைக்கு வர ஐந்தாறு வாரம். பிட்யூட்டரி அதைப் பார்த்து அடங்குவது அதற்கும் அப்புறம். அதனால்தான் 6 முதல் 8 வாரம் கழித்து மறுபரிசோதனை. அவசரப்பட்டு டோஸைக் கூட்டியிருந்தால், பிறகு மருந்து ஒழுங்காக உள்ளே போக ஆரம்பித்ததும் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை என்று எதிர்ப்பக்கம் போயிருக்கலாம்.

அதே 75-இல், அடுத்த முறை 6.2. அதற்கடுத்து 2.4. போர்வை போனது, வரிகள் திரும்பி வந்தன. எடை மட்டும் என்னை ஏமாற்றியது. மாத்திரை போட்டால் பத்துப் பன்னிரண்டு கிலோ தானாகக் கரையும் என்று நம்பியிருந்தேன். இறங்கியது 3. அதிலும் பெரும்பங்கு உடம்பு தேக்கி வைத்திருந்த உப்பும் நீரும்தான் என்றார் டாக்டர். மீதியைத் தைராய்டு மேல் போட முடியாது.

முடி இன்னும் பழையபடி வரவில்லை. அதற்காக ஒரு தோழி பயோட்டின் மாத்திரை வாங்கித் தந்திருக்கிறாள். அது ரத்தத்தில் இருந்தால் தைராய்டு பரிசோதனையின் எண்களே தப்பாக வரக்கூடும் என்று இப்போது தெரியும். அடுத்த பரிசோதனை வரும் வியாழக்கிழமை. டப்பாவை இன்னும் பிரிக்கவில்லை.