பீரோவுக்குள் ஒரு ராணி

ஜூன் 9, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் முடிந்தும் அடங்காத வெயில், இன்று சாயங்காலம் ஒரு மணி நேர மழையில்தான் இறங்கியது. மழை விட்டதும் மொட்டை மாடி ட்யூப்லைட்டைச் சுற்றி ஒரே இறக்கைப் பூச்சிகள். ஆயா முறத்தோடு மேலே வந்துவிட்டார். சின்ன வயதில் குடியாத்தம் பக்கம் ஈசல் பிடித்து வறுத்து, பொரியும் பொட்டுக்கடலையும் கலந்து சாப்பிட்டவர் அவர்.

பாதிக்கு மேல் ஈசல்தான். ஈசலுக்கு நான்கு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு ஒடுங்கியிருக்காது. நான் மூன்று வருடமாகத் தேடியது வேறு. தண்ணீர் டேங்குக்கு அடியில் கிடைத்தாள். ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீளம், கறுப்பு, மெல்லிய இடுப்பு, முழங்கை மாதிரி மடங்கிய உணர்கொம்பு, புடைத்த முதுகு, அதில் இறக்கை இருந்த தழும்பு. கட்டெறும்பு ராணி! இறக்கையை உதிர்த்துவிட்டாள் என்றால் பெரும்பாலும் இணை சேர்ந்தாகிவிட்டது என்று அர்த்தம். இன்று வாங்கிய விந்தை உடம்புக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொண்டு, ஆயுள் முழுக்க முட்டையிடுவாள். ஆண் எறும்புகளுக்கு இனி சில நாள்தான்.

"இன்னாமா, ஈசல வுட்டுட்டு எறும்ப புடிச்சிகினு கீற?"

"வளக்கப் போறேன் ஆயா."

காலி மாத்திரை டப்பாவில் போட்டு, மூடியில் ஊசியால் நாலு துளை குத்தி வைத்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை.

ஜூன் 10, திங்கள்

லேபில் நாள் முழுக்க டெஸ்ட் ட்யூபோடுதான் பிழைப்பு. ஆனால் ரத்தம் எடுக்கும் ட்யூபுகளில் மருந்து பூசியிருக்கும், அது உயிருக்கு ஆகாது. வேலை முடிந்து ஆற்காடு ரோட்டில் ஒரு கடையில் புதுக் கண்ணாடி ட்யூப் ஐந்து வாங்கினேன், 16க்கு 150 மில்லிமீட்டர். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். அதை அடைத்து இறுக்கமாகப் பஞ்சு. பஞ்சில் ஈரம் ஊற வேண்டும், ஆனால் சொட்டக் கூடாது. அப்புறம் ராணி. வாயில் இன்னொரு பஞ்சு, காற்று போகிற அளவுக்குத் தளர்வாக. மண்ணுக்கடியில் அவளே தோண்டி உள்ளிருந்து அடைத்துக்கொள்ளும் அறைக்குப் பதில் இது.

தம்பி சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வந்தான். வேண்டாம் என்றேன். பறப்பதற்கென்று நெஞ்சில் அவ்வளவு தசை வைத்திருந்தாளே, அதற்கு இனி வேலை இல்லை. அதைக் கரைத்துத்தான் தானும் உயிர் வாழ்ந்து, முதல் பிள்ளைகளுக்கும் ஊட்டப் போகிறாள். "அப்போ ஒண்ணுமே சாப்பிடாதாக்கா?" என்று இரண்டு முறை கேட்டான். வாரக்கணக்கில் சாப்பிடமாட்டாள்.

ஜூன் 13, வியாழன்

முட்டை! நான்கு. கசகசாவை விடக் கொஞ்சம் பெரிது, நீளவாக்கில், பால் நிறம். நான்கையும் ஒன்றாக ஒட்டி வைத்துக்கொண்டு, தலையை அதன்மேல் கவிழ்த்தபடி நிற்கிறாள்.

ஜூன் 17, திங்கள்

முட்டைகள் இல்லை.

மூன்று நாளாக நான் செய்ததை எழுதித்தான் ஆக வேண்டும். காலையில் எழுந்ததும் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். லேபுக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, படுக்கும் முன் இரண்டு தடவை. சனிக்கிழமை தம்பியின் நண்பர்கள் வந்து கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்கள், நானும் பெருமையாகக் காட்டினேன். அப்போதே அவள் முட்டைகளை வாயில் கவ்விக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டிருந்தாள். இடம் பத்திரமில்லை என்று பட்டால் ராணி தன் முட்டைகளையே தின்று, அந்தச் சத்தைத் திரும்ப உடம்பில் ஏற்றிக்கொள்வாள். இப்போது சுவரோடு ஒட்டி அசையாமல் இருக்கிறாள். அவள் பட்டினியில் இருந்து கொடுத்ததை நான் வீணாக்கிவிட்டேன்.

ஆயாவிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடியே சொன்னார்: "பச்ச ஒடம்புக்காரிய யாராச்சும் நாளைக்கு பத்து வாட்டி வந்து எட்டிப் பாப்பாங்களா? வுடு. இருட்டுல கெடக்கட்டும்."

ஜூன் 18, செவ்வாய்

ட்யூபைச் சுற்றி சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டினேன். எறும்புகளுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது. இருப்பதிலேயே குளிர்ந்த இடம் பீரோவின் கீழ்த்தட்டு. ஆயாவின் பழைய நூல் புடவையை நாலாக மடித்து அதன்மேல் படுக்க வைத்தேன், கதவு மூடும் அதிர்வு தாக்காமல் இருக்க. பத்து நாளைக்கு ஒரு முறைதான் பார்ப்பது. காலண்டரில் 28ஐ வட்டமிட்டாயிற்று.

ஜூன் 28, வெள்ளி

பத்தோ பதினொன்றோ இருக்கும். எண்ணி முடிக்கும் வரை நிற்கவில்லை, மூடிவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

புழுக்கள் வந்துவிட்டன. காலில்லை, கண்ணில்லை, கழுத்து மட்டும் வளைந்து ராணியின் பக்கம் நீள்கிறது. அவள் ஒவ்வொன்றின் வாயோடும் வாய் வைத்து நகர்கிறாள். கிட்டத்தட்ட ஒரு மாதமாக வெளியிலிருந்து ஒரு பருக்கை போகாத உடம்பு அது.

மத்தியானம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. லேபில் உட்கார்ந்து பீரோவையே நினைத்துக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் ட்யூப் உள்பக்கம் கொஞ்சம் வியர்த்திருந்தது, அவ்வளவுதான்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்தது. பெரிய புழுக்கள் ஆறு தங்களைச் சுற்றிப் பட்டு நூற்று அடைத்துக்கொண்டன. பழுப்பு மஞ்சளில் சீரக சம்பா மாதிரி ஆறு கூடுகள். மழைக்கு முன்னால் எறும்பு முட்டை தூக்கிக்கொண்டு போகிறது என்கிறோமே, அங்கே கண்ணில் படுவது பெரும்பாலும் இந்தக் கூட்டுப்புழுக்கள்தான். இருபத்தைந்து வயது வரை எனக்கும் தெரியாது.

ஒவ்வொரு கூட்டின் ஒரு முனையிலும் ஒரு கறுப்புப் புள்ளி. புழுவாக இருக்கும்வரை வயிற்றில் சேர்ந்த கழிவை மொத்தமாக, ஒரே தடவையாகக் கூட்டுக்குள் தள்ளிவிடும், அதன் தடம். லென்ஸ் வைத்துப் பார்த்தால் முத்திரை குத்தியது போல இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஆடி வெள்ளி. தெருமுனை அம்மன் கோயிலில் கூழ் வாங்கிக்கொண்டு வந்து, குறித்த நாளுக்கு முன்னதாகவே திறந்துவிட்டேன். ஏனென்று சொல்லத் தெரியவில்லை.

ராணி ஒரு கூட்டை முன்னங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வைத்திருந்தாள். முனையைக் கடித்துக் கொஞ்சம் கிழித்தாள், நிறுத்தினாள், உணர்கொம்பால் தடவினாள், மறுபடி கடித்தாள். உள்ளிருப்பது தானாக வெளியே வர முடியாது, யாராவது பிரித்துவிட வேண்டும். ஓட்டை கடுகளவு ஆனதும் முதலில் தலை. பிறகு ஒரு கொம்பு, மடங்கியே இருந்தது. அடுத்த கொம்பு சிக்கிக்கொண்டது. அவள் அந்தத் தலையைப் பற்றி இழுக்கவில்லை, ஓட்டையைத்தான் பெரிதாக்கினாள். இருபது நிமிடம் ஆயிற்று. வெளியே வந்தது டிகிரி காபி நிறத்தில், கால்கள் கண்ணாடி மாதிரி, நிற்க வராமல் சாய்ந்து கிடந்தது. ராணி தலையிலிருந்து வயிறு வரை நக்கிக் கொடுத்தாள்.

பெண் பிள்ளை. வேலைக்கார எறும்புகள் எல்லாமே பெண்தான். முதல் ஈட்டு என்பதால் ரொம்பப் பொடிசு, அம்மாவின் கையிருப்பில் அவ்வளவுதான் முடியும். ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "பொழச்சிகிச்சி" என்றார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மூன்று பேர். முதலாவது கறுத்துவிட்டது. இன்றுதான் முதல் சாப்பாடு: ஊசிமுனைத் தேன், சின்ன அலுமினியத் தாள் துண்டில், கூடவே பேட்டில் அடித்த ஒரு கொசு. கொசு மருந்து அடித்த கொசு என்றால் விஷம், அதனால் இரண்டு நாளாக வீட்டில் கொசுவத்திகூடக் கொளுத்தவில்லை.

முதலாவது தேனைத் தொட்டதும் அப்படியே நின்றது. வயிறு உப்பி, கறுப்புப் பட்டைகள் விலகி, நடுவில் தேன் நிறம் தெரிந்தது. தான் செரிக்க ஒரு இரைப்பை, கூட்டத்துக்குச் சேமிக்க ஒரு பை, இரண்டும் அதற்கு உண்டு. நிரம்பியதும் நேராக ராணியிடம் போய் முகத்தில் கொம்பால் தட்டியது. இரண்டு வாய்க்கும் நடுவே ஒரு சொட்டு மின்னியது.

56 நாள் ஆயிற்று அவள் வாயில் வெளிச் சாப்பாடு பட்டு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று மிச்சத் தேனை எடுக்காமல் லேபுக்குப் போய்விட்டேன். வாசனை பிடித்துச் சின்னச் செவ்வெறும்புகள் பீரோவுக்குள் சாரை வைத்துவிட்டன. பஞ்சின் ஓரமாக மூன்று உள்ளே நுழைந்திருந்தன. கட்டெறும்புக்குக் கொடுக்கு இல்லை, கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சும், அவ்வளவுதான். நம் நால்வரில் ஒன்று வாசலுக்குப் போய் நின்றிருக்கிறது. செத்துக் கிடந்தது, காலில் ஒரு செவ்வெறும்பு கவ்வியபடி. மற்ற இரண்டையும் ஃபோர்செப்ஸால் எடுத்தேன். ராணிக்கு ஒன்றுமில்லை, கூடுகளைக் கவ்விக்கொண்டு பஞ்சோடு பஞ்சாக ஒண்டியிருந்தாள்.

எறும்பு வராமல் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைப்பார் ஆயா. அதே தட்டில், கவிழ்த்த கிண்ணத்தின் மேல் இப்போது ட்யூப் இருக்கிறது. சர்க்கரை டப்பாவை மேல் அலமாரிக்கு ஏற்றிவிட்டார், நான் கேட்காமலே.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஏழு பேர். புது முட்டைகள் ஒரு கொத்து, புழுக்கள் நான்கு. இப்போது புழுக்களுக்கு ஊட்டுவது பிள்ளைகள்தான், ராணி முட்டையிடுவதோடு சரி. பெரிய தலையோடு வரும் காவல் எறும்புகளுக்கு இன்னும் நாளாகும், கூட்டம் இன்னும் பெருக வேண்டும்.

தண்ணீர்ப் பஞ்சு மஞ்சளாகிவிட்டது. அவர்களைத் தட்டிக் கொட்டி மாற்ற மனசு வரவில்லை. இரண்டாவது ட்யூபை அதே மாதிரித் தயார் செய்து, வாயோடு வாய் வைத்து டேப் ஒட்டினேன். புதியதைத் துணியால் மூடி இருட்டாக்கி, பழையதின் சிவப்புத் தாளைப் பிரித்துவிட்டேன். வெளிச்சம் பிடிக்காமல் அவர்களாகவே போகட்டும்.

ராத்திரி ஒன்பதரைக்கு ஒன்று இணைப்பு வரை வந்து டேப்பை முகர்ந்தது. உள்ளே போயிற்று. ஐந்து நிமிடம் ஆளைக் காணோம். திரும்பி வந்து ராணியின் முகத்தில் கொம்பால் தட்டிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது. விளக்கை அணைத்துவிட்டேன்.