கடைசி ஆளின் குளிர்காலக் குறிப்புகள்

10 டிசம்பர் 2023, ஞாயிறு

வேலூரில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஆண்டு பிறப்பது சித்திரையில் அன்று, கார்த்திகையில். மே மாதத்தில் வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊர் இது. ஏழரை மணிக்குள் வீடு சேர வேண்டும் என்ற அவசரம் கோடை முழுவதும் நம்மைத் துரத்திக்கொண்டே இருக்கும். மழை ஓய்ந்து வாடை வீசத் தொடங்கிய பிறகுதான் ஐம்பது, அறுபது கிலோமீட்டர் என்று எண்ணம் நீள்கிறது. இன்று அதிகாலை ஐந்து மணிக்குக் கோட்டை அகழியின் எதிரே இருபத்துமூன்று பேர் கூடினோம். சிலரை ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன்.

கார்த்திகைக் கடைஞாயிறு என்பதால் விரிஞ்சிபுரம் போவதென்று முன்பே முடிவாகியிருந்தது. பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் சனிக்கிழமை இரவே வந்து, நள்ளிரவில் சிம்ம தீர்த்தத்தில் நீராடி, ஈரப்புடவையோடு பிராகாரத்தில் உறங்குவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது விடியவில்லை. கூட்டம் பேருந்துகளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்ததால் சேதுவாலையிலேயே இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். அந்தப் பெண்களுக்கு மணியடித்து வழி கேட்க யாருக்கும் மனம் வரவில்லை.

இறைவனின் பெயர் மார்க்கபந்தீஸ்வரர், தமிழில் வழித்துணைநாதர். மிளகு வணிகர் ஒருவர் கள்வர்க்கு அஞ்சி வேண்டிக்கொள்ள, ஈசனே துணையாக உடன் வந்தார் என்பது தலபுராணம். 'விரிஞ்சிபுரம் மதிலழகு' என்ற பழமொழிக்குரிய அந்த நெடுமதிலின் அடியில் சைக்கிள்களைச் சாய்த்து வைத்துவிட்டுத் தேநீர் குடித்தபோதுதான், இந்தக் குளிர்காலம் முழுவதும் கடைசி ஆளாக வர முடியுமா என்று எங்களோடு ஓட்டும் பல் மருத்துவர் என்னைக் கேட்டார். கடைசி ஆள் என்றால் எவரையும் தனக்குப் பின்னால் விடக் கூடாது. இரண்டு டியூப், பம்பு, டயர் லீவர், ஒரு விசில், மினுங்கும் சிவப்பு விளக்கு ஆகியவை அவர் பொறுப்பு. எனக்கு நாற்பத்தேழு வயது, வங்கியில் உட்கார்ந்து செய்யும் வேலை, வேகமும் கிடையாது. சரி என்றேன்.

13 டிசம்பர், புதன்

மாலை வேலூர் சைதாப்பேட்டையில் வழக்கமான சைக்கிள் கடைக்குப் போய்ப் பின் பிரேக் கட்டைகளை மாற்றினேன். விசில் நான்கு ரூபாய் அளவுதான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இருபது ரூபாய் ஆயிற்று.

17 டிசம்பர், ஞாயிறு

மார்கழி முதல் நாள். பள்ளிகொண்டா வரை போவதாகத் திட்டம். ஆனால் நெடுஞ்சாலையை அடைந்தபோது மூடுபனி எங்கள் விளக்குகளின் ஒளியை எங்கள் முகத்திலேயே திருப்பி வீசியது. முப்பது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பெங்களூர் செல்லும் லாரிகள் முழங்கும் ஓசை மட்டும் வந்தது. திரும்பலாம் என்று முதலில் சொன்னவர் எங்களில் மிக வேகமாக ஓட்டும் தம்பிதான் என்பதை இங்கே எழுதி வைக்க விரும்புகிறேன். பின்னால் இவரைப் பற்றி வேறு விதமாகவும் எழுத நேரலாம்.

ஊர்களின் ஊடாகச் செல்லும் சிறு சாலைகளைப் பிடித்தோம். ஒலிபெருக்கிகளில் திருப்பாவை கேட்டது. ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் கோலத்தின் மேல் குனிந்திருந்தார்கள், நடுவில் சாணத்தில் செருகிய பூசணிப்பூவோடு. தெரு குறுகலாக இருந்தால் கோலம் பாதித் தெருவை எடுத்துக்கொள்ளும். கோலத்தின் மேல் சக்கரம் ஏறக் கூடாது என்பது எங்கள் சங்கத்தில் எழுதாத விதி. முன்னால் போகிறவர் "கோலம்!" என்று குரல் கொடுப்பார், அது "குழி!" என்பதைப் போலவே பின்னோக்கி ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்கு நகர்ந்து கடைசியில் என்னிடம் வந்து சேரும். எனக்குப் பின்னால் யாரும் இல்லையென்றாலும் நானும் ஒருமுறை சொன்னேன். கோலமிட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா நிமிர்ந்து பார்த்து, "பார்த்துப் போங்கம்மா" என்றார்.

திரும்பும் வழியில் முள்ளுக் கத்தரிக்காய் விற்றார்கள். இலவம்பாடிப் பக்கத்துக் காய். இந்த ஆண்டுதான் புவிசார் குறியீடு கிடைத்தது. பறிக்கும்போது கையில் குத்தும், ஆனால் எண்ணெய்யில் வதங்கினால் வெண்ணெய். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் எங்களோடு வருகிறார். தோல் பதனிடும் தொழிற்சாலைக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் சைக்கிளிலேயே ஷிஃப்டுக்குப் போய்வந்தவர். இன்றும் அதே கனமான கறுப்புச் சைக்கிள், கியர் கிடையாது. கேரியர் இருப்பது அவரிடம் மட்டுமே என்பதால் ஆறு பேருடைய கத்தரிக்காயும் அவர் தலையில் விழுந்தது. எட்டு மணிக்கு மேல் வாடை எழுந்து கிழக்கு நோக்கி வரும் எங்கள் முகத்தில் அடித்தபோது, பத்துக் கிலோ காயோடு அவர் எனக்கு முன்னால் காற்றை மறைத்துக்கொண்டு மிதித்தார்.

24 டிசம்பர், ஞாயிறு

இன்று நடந்ததைக் கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று மாலை வரை காத்திருந்தேன்.

பாகாயம், அடுக்கம்பாறை, கணியம்பாடி வழியாக அமிர்தி. ஜவ்வாது மலையின் அடிவாரக் காடு. கணியம்பாடியைத் தாண்டியதும் சாலை கண்ணுக்குத் தெரியாமல் ஏறத் தொடங்கும். மெலிதான இந்த ஏற்றம்தான் புதியவர்களை ஏமாற்றுகிறது. எதிரே மேடு தெரிந்தால் மூச்சைச் சேமிப்பார்கள். இங்கோ தங்கள் கால்களில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணிக்கொள்கிறார்கள். செவிலியர் படிப்பு படிக்கும் பெண் ஒருத்தி இன்று முதன்முறையாக வந்திருந்தாள். கடன் வாங்கிய சைக்கிள். நஞ்சுகொண்டாபுரம் அருகே அவளுடைய பின் டயர் காற்றிழந்தது.

நான் விசில் ஊதினேன். முன்னால் போனவர்களுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் நிற்கவில்லை. எது என்று இப்போதும் எனக்குத் தெரியாது. பெரியவர் மட்டும் திரும்பி வந்தார். நான் வைத்திருந்த டியூப் அவள் சக்கரத்தின் அளவுக்குப் பொருந்தவில்லை. பெரியவர் தம் பையிலிருந்து உப்புத்தாளையும் சொல்யூஷனையும் எடுத்து, டியூபைக் கழற்றி, உதட்டருகே வைத்துக் காற்று வரும் இடத்தைக் கண்டுபிடித்து, தேய்த்து, ஒட்டி, கருவேல முள்ளை டயரின் உள்ளிருந்து நகத்தால் கிள்ளி எடுத்தார். "முள்ளை எடுக்காமல் ஒட்டினால் அது ஒட்டே இல்லை, பாப்பா" என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார். நாற்பது நிமிடம் ஆயிற்று. நாங்கள் அமிர்தியை அடைந்தபோது மற்றவர்கள் சாப்பிட்டு முடித்துப் படமும் எடுத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். படத்தில் நாங்கள் மூவரும் இல்லை.

அந்தப் பெண், "என்னால்தான் உங்களுக்கும் தாமதம், அக்கா" என்றாள். எனக்கு உண்மையில் வலித்தது அந்தச் சொல்தான்.

27 டிசம்பர், புதன்

இரவு பல் மருத்துவர் வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். அவருடைய மனைவி கொடுத்த சூடான சுக்குக் காப்பி கையில் இருந்ததால் யாருடைய குரலும் அதிகம் உயரவில்லை.

வேகத் தம்பி தம் பக்கத்தை நேர்மையாகவே சொன்னார். அவர் அடுத்த பருவத்தில் 200 கிலோமீட்டர் பிரேவே என்னும் நெடுந்தூரச் சவாரி ஓட்டப் போகிறார். அதைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஞாயிறுதான் அவருக்குப் பயிற்சிக்குக் கிடைக்கும் ஒரே நாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றால் உடல் சூடு தணிந்துவிடுகிறது, சராசரி வேகம் குறைந்துவிடுகிறது என்றார். நான் வங்கிக்காரி, கணக்குத்தான் எனக்குத் தெரியும். இருநூறைப் பதின்மூன்றரையால் வகுத்தால் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு, சாப்பாடும் பஞ்சரும் எல்லாம் உட்பட. எங்கள் கடைசி வரிசையே மணிக்குப் பதினெட்டில் வருகிறது. "அப்படியானால் அங்கே உங்களைத் தோற்கடிக்கப்போவது வேகம் இல்லை, தம்பி, இருட்டில் ஒரு பஞ்சர், பசி, தனிமை" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை.

பிறகு காற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. வேகம் கூடக் கூடக் காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகப் பெருகுகிறது. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டி வருகிறவருக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். கூட்டத்திலிருந்து இருபது அடி பின்தங்கிய கணத்தில் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி பறிபோகிறது. ஆகவே மிகவும் களைத்தவர்தான் மிக அதிகமாக உழைக்க வேண்டியிருக்கிறது. களைத்தவர் மேலும் களைப்பதும், முன்னால் போகிறவர்கள் அவரைச் சோம்பேறி என்று எண்ணுவதும் இப்படித்தான் தொடங்குகின்றன. வேகத் தம்பிக்கு இது தெரியாதது அன்று. பின்னால் இருந்து அவர் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

முடிவுகள்: ஒவ்வொரு திருப்பத்திலும் கடைசி ஆளின் விளக்கு கண்ணில் படும்வரை முன்வரிசை நிற்க வேண்டும். வேகமாக ஓட்ட விரும்புகிறவர்கள் திருப்பங்களுக்கு இடையே விருப்பம்போல ஓட்டலாம், வேண்டுமானால் திரும்பி வந்து மீண்டும் போகலாம். எல்லோரும் வந்து சேர்ந்த பின்னரே சாப்பாட்டுக்குச் சொல்ல வேண்டும். இந்த மூன்றாவது விதிக்குத்தான் எதிர்ப்பு அதிகமாக இருந்தது.

7 ஜனவரி 2024, ஞாயிறு

திருவலம் இரும்புப் பாலம், பொன்னை, மேல்பாடி, வள்ளிமலை. செவிலியர் மாணவி மீண்டும் வந்தாள். அவளாக வருவாள் என்று நான் நினைக்கவில்லை, பெரியவர்தான் விடுதி வாசல் வரை போய் அழைத்து வந்தாராம்.

மேல்பாடியில் அரிஞ்சய சோழனுக்கு இராசராசன் எடுத்த பள்ளிப்படைக் கோயிலின் முன் இறங்கினோம். ஆற்றூரில் துஞ்சிய பாட்டனுக்குப் பேரன் எடுத்த கோயில். பெரிய கூட்டம் வராத இடம். இருபது பேர் புல்தரையில் அமர்ந்து கட்டுச்சோற்றைப் பகிர்ந்துகொண்டோம். புளியோதரை மூன்று வீடுகளிலிருந்து வந்திருந்தது, மூன்றும் மூன்று சுவை. "இதெல்லாம் இப்போது எந்த மாவட்டம்?" என்று ஒருவர் கேட்டார். 1989இல் ஒருமுறையும் 2019இல் மறுமுறையும் பிரித்த பிறகு எங்கள் சவாரிகள் அடிக்கடி எல்லை தாண்டுகின்றன. பெரியவர், "எல்லாம் வட ஆற்காடு ஜில்லாதான், சாப்பிடுங்கள்" என்றார்.

14 ஜனவரி, ஞாயிறு

போகி. ஊரெங்கும் புகை, பழைய டயர்களையும் எரிக்கிறார்கள். சவாரி இல்லை. ஆஸ்துமா உள்ள இருவர் எங்களோடு இருப்பதால் இந்த ஒரு நாள் ஓய்வு ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

21 ஜனவரி, ஞாயிறு

ஏலகிரி. அதிகாலை மூன்று மணிக்குச் சைக்கிள்களை இரண்டு 'சின்ன யானை' மினி லாரிகளில் ஏற்றிக்கொண்டு, நாங்கள் வேனில் ஏறிப் பொன்னேரி அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள்; புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் சூட்டியிருக்கிறார்கள்.

மலையேற்றத்தில் காற்றை மறைத்து உதவ யாராலும் முடியாது. மணிக்கு ஏழெட்டுக் கிலோமீட்டரில் நகரும்போது காற்றின் தடை ஒரு பொருட்டே இல்லை. தூக்க வேண்டியது அவரவர் எடையைத்தான். அதனால் இன்று முன்வரிசை வேகமாகப் போனதில் எனக்கு வருத்தம் இல்லை. பெரியவரும் நானும் மூன்றாம் வளைவிலேயே இறங்கிவிட்டோம். கியர் இல்லாத அந்தச் சைக்கிளை மிதித்து ஏற முடியாது என்பது அவருக்கு முன்பே தெரியும். "தள்ளிக்கொண்டு போவதும் சைக்கிளோடு போவதுதானே, அம்மா" என்றார். ஒவ்வொரு வளைவிலும் பெயர்ப்பலகையை உரக்கப் படித்துவிட்டு ஒரு நிமிடம் நின்றார். கீழே சமவெளியில் பனி பாலாடை போல் படிந்து கிடந்தது.

எட்டாம் வளைவில் மேலிருந்து ஒரு விளக்கு இறங்கி வந்தது. வேகத் தம்பி. உச்சிக்குப் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். எதுவும் சொல்லாமல் இறங்கி, பெரியவரின் சைக்கிளைத் தாம் வாங்கித் தள்ளிக்கொண்டு, தம்முடைய எடை குறைந்த சைக்கிளை அவர் கையில் கொடுத்தார். பெரியவர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். மீதி ஆறு வளைவுகளும் மூவரும் நடந்தோம். டியூபில் ஒட்டுப் போடுவது எப்படி என்று தம்பி கேட்டுக்கொண்டே வந்தார். இதுவரை டியூபை மாற்றித்தான் பழக்கமாம். மேலே போனபோது செவிலியர் மாணவி எங்களுக்காக இட்லிக்குச் சொல்லாமல் எல்லோரையும் உட்கார வைத்திருந்தாள்.

இறங்கும்முன் பெரியவர் கடையில் பழைய செய்தித்தாள் வாங்கி, சட்டைக்குள் மார்பின் மேல் விரித்துக்கொள்ளச் சொன்னார். இறக்கத்தில் குளிர் காற்று நெஞ்சில் அடிக்காமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை. பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே வராமல், வளைவுக்கு முன் அழுத்தி, பிறகு விட்டு, ரிம்மை ஆறவிட வேண்டும் என்று புதியவர்களுக்குச் சொன்னேன். எல்லோரும் பத்திரமாக இறங்கினோம்.

வேனில் திரும்பும்போது வேகத் தம்பி, பிப்ரவரியில் கடைசி ஆளாகத் தாம் வரலாமா என்று கேட்டார். விசிலைக் கொடுத்தேன். டியூப்களில் ஒன்று அந்தப் பெண்ணின் சக்கர அளவுக்கு வாங்கியது என்று காட்டினேன். பம்பின் வாஷர் தேய்ந்திருக்கிறது. கொடுப்பதற்கு முன் புதன்கிழமை சைதாப்பேட்டைக் கடையில் மாற்ற வேண்டும்.