இரண்டு கிட்டார், ஒரு வலக்கை: ரோட்ரிகோ–கேப்ரியேலா வாசிப்பைப் பழகிப் பார்த்த அனுபவம்

ரோட்ரிகோ சான்செஸ், கேப்ரியேலா கின்டேரோ ஆகிய இருவர் வாசிக்கும் ‘டமகுன்’ என்னும் உருப்படியில் மேளம் கிடையாது, மின்கிட்டார் கிடையாது, பாட்டும் கிடையாது. நைலான் தந்தி பூட்டிய இரண்டு கிட்டார்கள் மட்டுமே உள்ளன. அப்படியிருந்தும் கனத்த அடியும் சுள்ளென்ற தட்டும் கொண்ட தாளம் ஒன்று அதில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. குன்னூரில் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் இளைய நண்பர் ஒருவர்தாம் இதை எனக்குக் கேட்கக் கொடுத்தார். அவர் பள்ளிப் பருவத்திலிருந்தே த்ராஷ் மெட்டல் என்னும் வேகமான, முரட்டு ஒலியுள்ள ராக் இசையைக் கேட்டு வளர்ந்தவர், மின்கிட்டாரில் தேர்ந்த கையுடையவர். நான் சிறு வயதில் மிருதங்கம் பயின்று, பாதியில் விட்டு, பிறகு கிட்டாருக்கு வந்தவன். அவருடைய காது ரோட்ரிகோவின் விரல் வேகத்தில் நின்றது. என்னுடைய காது கேப்ரியேலாவின் வலக்கையைவிட்டு நகரவில்லை. அந்த வலக்கை செய்வதைச் செய்துபார்க்க வேண்டும் என்று தொடங்கிய பழக்கம் எப்படிப் போயிற்று, இப்போது எந்த நிலையில் நிற்கிறது என்பதை எழுதிவைக்கிறேன்.

இருவரும் மெக்சிகோ நகரத்தைச் சேர்ந்தவர்கள். அங்கே ‘தியெர்ரா ஆசிதா’ என்ற த்ராஷ் மெட்டல் குழுவில் சேர்ந்து வாசித்தவர்கள். 1999 வாக்கில் அயர்லாந்தின் டப்ளினுக்குச் சென்று, கிராஃப்டன் தெருவில் நின்று வாசித்துப் பிழைத்தார்கள். ஜான் லெக்கியின் தயாரிப்பில் 2006இல் வெளிவந்த, அவர்கள் பெயரையே தாங்கிய இசைத்தொகுப்பு அயர்லாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. சொற்களே இல்லாத இரு கிட்டார் இசைக்கு இது எளிதில் கிடைக்கக்கூடிய இடமன்று. அவர்களை ஸ்பெயின் நாட்டு மரபிசையான ஃபிளமெங்கோவின் கலைஞர்கள் என்று பலரும் அழைக்கின்றனர். அவர்களோ தாங்கள் வாசிப்பது ஃபிளமெங்கோ அன்று என்று திரும்பத் திரும்பக் கூறிவந்துள்ளனர். கையை வைத்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதே சரியென்று தெரிகிறது. ஃபிளமெங்கோவில் தனி விரல்களால் மீட்டும் இடங்களை ரோட்ரிகோ ‘பிக்’ என்னும் சிறு தகட்டைப் பிடித்து, மேலும் கீழுமாக மாறி மாறி மீட்டுகிறார். அது மெட்டல் கிட்டாரிலிருந்து நேரே வந்த பழக்கம்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருந்த எஃகுத் தந்திக் கிட்டார் இந்த வேலைக்கு ஒத்துவரவில்லை. விரல்களை விரித்து வீசும்போது நகம் தேய்ந்து உடைகிறது. தந்திகள் நெருக்கமாக இருப்பதால் கட்டைவிரலும் சிக்கிக்கொள்கிறது. ஆகவே சாதாரண விலையில் நைலான் தந்திக் கிட்டார் ஒன்றை வாங்கினேன். அதன் கழுத்து, தலைப்பக்கம் தந்திகள் படிந்து செல்லும் ‘நட்டு’ப் பகுதியில் ஏறத்தாழ 52 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. எஃகுத் தந்திக் கிட்டார்களில் இது பெரும்பாலும் 43 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். கழுத்தின் அகலத்துக்கு ஏற்பத் தந்திகளும் விலகி நிற்பதால்தான் வலக்கைக்கு மூச்சு விடக் கிடைக்கிறது. மேற்பலகை மிக மெல்லியது என்பதால், அடி விழும் இடத்தில் ஃபிளமெங்கோக் கிட்டார்களில் ஒட்டுவதைப் போன்ற ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை ஒட்டிக்கொண்டேன். இல்லாவிட்டால் நகமும் மோதிரமும் சேர்ந்து சில வாரங்களிலேயே மெருகைச் சுரண்டிவிடும். (கருவியின் முதுகும் பக்கங்களும் ஈட்டி மரம். கூடலூர்ப் பக்கத்துக் காடுகளில் வளரும் அதே மரம் உலகெங்கும் கிட்டார் செய்வோர் தேடும் மரமாகவும் இருப்பது இந்த மலையில் வாழும் எனக்குச் சிறிது பெருமைதான், என் கருவியின் பலகை எந்தக் காட்டிலிருந்து வந்ததோ, அது வேறு.)

இனி வலக்கை. நான் பழகிய அடிப்படை அலகில் மூன்று வீச்சுகள் உள்ளன: விரல்களை விரித்துக் கீழ்நோக்கி ஒன்று, கட்டைவிரலால் கீழ்நோக்கி ஒன்று, அதே கட்டைவிரலால் மேல்நோக்கி ஒன்று. வாயால் ‘தகிட’ என்று சொல்லிக்கொண்டே கையை வீசினால் வரிசை உடனே பிடிபட்டுவிடுகிறது. ஆனால் மூன்று எழுத்துகளும் ஒரே பலத்தில் ஒலிப்பதில்லை. முதல் வீச்சு சென்ற அதே திசையில் இரண்டாவது வீச்சும் செல்ல வேண்டியிருப்பதால், ‘கி’ எப்போதும் மெலிந்து, ஏறக்குறைய விழுங்கப்பட்டே வருகிறது. இதைச் சரிசெய்ய நான் கண்ட வழி, தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடி என்ற அளவில் வைத்து, அழுத்தத்தை வேண்டுமென்றே ‘கி’யின் மேல் போட்டுப் பழகுவது. அவ்வாறு தலைகீழாக அழுத்திப் பழகிய பிறகு, இயல்பாக வாசிக்கும்போது மூன்றும் தாமாகவே சமமாகிவிடுகின்றன. மிருதங்க வகுப்பில் ஆசிரியர்கள் மெலிந்த சொல்லை வலுப்படுத்தக் கையாளும் முறையும் இதுவே.

அடுத்த படி, இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தட்டாக மாற்றுவது. விரல்கள் தந்திகளின் மேல் அறைந்து அப்படியே நின்றுவிட்டால், சுரம் எழாமல் ‘சட்’ என்ற ஒலி மட்டும் கிடைக்கும். உள்ளங்கையின் அடிப்பகுதி தந்திகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அருகே மேற்பலகையில் இறங்கினால் ஆழமான ‘தும்’ கிடைக்கும். மிருதங்கத்தில் ‘தும்’ என்பது இடப்பக்க முகமான தொப்பியின் வேலை, அதற்கு இடக்கை உண்டு. கூர்மையான சொற்கள் வலப்பக்க முகமான வலந்தலையின் வேலை, அதற்கு வலக்கை உண்டு. இங்கே இடக்கை முழுவதும் ஸ்வரக்கட்டுகளைப் பிடிப்பதற்கே சரியாகிவிடுகிறது. ஆகையால் தொப்பி, வலந்தலை இரண்டையும் ஒரே வலக்கை ஏற்க வேண்டும், அதற்கு மேல் தந்திகளையும் அதுவே மீட்ட வேண்டும். கேப்ரியேலாவின் கையைப் பார்க்கும்போது அது வேகமாக அசைவதாகத்தான் முதலில் தெரியும். பழகத் தொடங்கிய பிறகே, அந்த வேகத்தைவிட அரிதான ஒன்று கண்ணில் படுகிறது: மீட்டும் கை அடிக்கும் கையாக மாறும் இடத்தில் மணிக்கட்டு நிற்பதே இல்லை. நின்றால் அடி பிந்துகிறது. அடி பிந்தினால், ரோட்ரிகோ போன்ற ஒருவர் எதிரே அமர்ந்து வாசிக்க முடியாது.

இவ்விசையில் லத்தீனும் மெட்டலும் கலந்துள்ளன என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவை எங்கே கலக்கின்றன என்பது எனக்குப் புலப்பட்டது எட்டு அட்சரங்களை, அதாவது தாள எண்ணிக்கைகளை, பிரித்துப் பழகியபோதுதான். எட்டை நான்கு நான்காகப் பிரிக்காமல் ‘தகிட தகிட தக’ என்று மூன்று, மூன்று, இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றின் முதலெழுத்திலும் ‘தும்’ வைத்து வாசித்தால், கியூபா முதலான கரீபியன் நாடுகளின் இசையில் வேரோடியுள்ள ‘த்ரெசில்யோ’ என்ற நடை அப்படியே வந்துவிடுகிறது. இதே மூன்று மூன்று இரண்டை, அடித் தந்தியின் மேல் உள்ளங்கையை லேசாக வைத்து அமுக்கி, பிக்கால் வேகமாக வாசித்துக் காட்டச் சொன்னேன். நண்பர் வாசித்தார், அது கலப்பில்லாத மெட்டல். கணக்கு ஒன்றே, அழுத்தமும் ஒலி நிறமும் மட்டுமே வேறு. மெட்டலில் அடிக்கடி வரும் மற்றொரு நடை, ஒரு நெடிலும் இரு குறிலுமாக ஓடும் ‘தாகிட தாகிட’. இதை மெட்டல் வாசிப்பவர்கள் குதிரைப் பாய்ச்சல் என்ற பொருளில் ‘கேலப்’ என்கிறார்கள். கேப்ரியேலாவின் தகிட வீச்சின் மேல் ரோட்ரிகோ இந்தக் கேலப்பை வைக்கும்போது, மூன்றின் நடையான திஸ்ரமும் நான்கின் நடையான சதுஸ்ரமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு செல்வது போன்ற பரபரப்பு பிறக்கிறது.

சுரங்களிலும் இதே போன்ற சந்திப்பு ஒன்று உண்டு. ‘ஈ’யை ஆதார சட்ஜமாக வைத்து, கிட்டாரில் அரைச்சுரம் மேலே செல்லும் ‘எஃப்’பை அழுத்தும் ஃபிரிஜியன் அமைப்பு மெட்டலுக்கும் உரியது, ஸ்பானிய மரபுக்கும் உரியது. நம் கர்நாடக இசையின் தாய் ராக வரிசையில் அது எட்டாவது மேளமான ஹனுமத்தோடியின் சுரவரிசை. அதில் காந்தாரத்தை மட்டும் அந்தர காந்தாரமாக்கினால் பதினான்காவது மேளமான வகுளாபரணம். ஃபிளமெங்கோக் கிட்டாரில் நாம் ‘ஸ்பானிய வாசனை’ என்று உணர்வது பெரும்பாலும் அதுதான். கமகம் இல்லாமல் வாசிப்பதால் தோடியின் முகம் அதில் தெரியாது. அதைத் தேடவும் கூடாது. ஆயினும் இடக்கை விரல்களுக்கு வழி காட்ட இந்த ஒப்பீடு எனக்குப் பெரிதும் உதவியது.

ஐப்பசி மழை தொடங்கியதும் கருவி வேறு பேச்சுப் பேசத் தொடங்கியது. குன்னூரில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடும். கிட்டார் மரத்துக்குக் காற்றின் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு வரை இருப்பது நலம் என்பார்கள். இங்கே மழை நாட்களில் அது 90ஐத் தாண்டுவது வழக்கம். ஈரத்தை உறிஞ்சி மேற்பலகை சிறிது புடைத்ததில் பிரிட்ஜ் உயர்ந்தது, தந்திகள் கழுத்தின் மேலுள்ள ஃப்ரெட் கம்பிகளிலிருந்து விலகின, ‘தும்’ ஒலி மங்கியது. சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டுக் கருவியைப் பெட்டிக்குள்ளேயே மூடிவைத்து, வாசிக்கும்போது மட்டும் வெளியே எடுத்ததில் நிலைமை ஓரளவு சீரானது. தை மாதத்தில் உதகையில் உறைபனி விழும் வாரங்களில் இடர் கருவியைவிட்டு விரல்களுக்கு வந்தது. விறைத்த விரல்களோடு விரித்து வீசினால் மணிக்கட்டு அதை ஈடுகட்ட முயன்று இறுகிவிடுகிறது. வெந்நீரில் கையை வைத்திருந்துவிட்டு, தந்தியைத் தொடாமல் தொடையின் மேல் தகிட போட்டுச் சூடேற்றிய பின்னரே கருவியை எடுப்பது என்று வைத்துக்கொண்டேன்.

நானும் நண்பரும் சேர்ந்து அமர்ந்து வாசிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். தேர்ந்துகொண்ட உருப்படி ‘ஓரியன்’. மெட்டாலிகா என்னும் மெட்டல் குழு 1986இல் வெளியிட்ட இந்த வாத்திய இசையை ரோட்ரிகோ–கேப்ரியேலா தங்கள் 2006 தொகுப்பில் இரு கிட்டார்களுக்கு மாற்றி அமைத்துள்ளனர். மின்கிட்டாரில் ஒரு சுரத்தை அழுத்திப் பிடித்தால் அது நெடுநேரம் நிற்கும். மின்சாரம் இல்லாத கிட்டாரில் எழுந்த உடனே தேயத் தொடங்கிவிடும். நண்பருக்கு இது பெரும் சோதனையாக இருந்தது. நீண்ட சுரங்கள் வரும் இடங்களில் அவர் வெறுமையை உணர்ந்து வேகத்தைக் கூட்டிவிடுவார். அந்த இடங்களில் நான் தட்டின் அடர்த்தியைக் கூட்டி, சுரம் நீளும் கார்வையை அடிகளால் நிரப்பியதும் அவர் நிதானத்துக்கு வந்தார். “அண்ணா, நீங்க கொட்டுறதை நிறுத்தினீங்கன்னா எனக்கு எங்க நிக்கிறதுன்னே தெரியல” என்று அவர் ஒருமுறை சொன்னது எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு. நடுப்பகுதியில் இவ்வுருப்படி வேகம் தணிந்து மும்மூன்றாக நடக்கத் தொடங்குகிறது. மிருதங்கம் பழகிய எவருக்கும் நடை மாற்றம் புதிதன்று. மாறும் இடத்தில் காலப்பிரமாணம், அதாவது வேகம், எதுவென்று இருவரும் ஒப்புக்கொள்வதே கடினம். அங்கே நாங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்கட்டுச் சொல்லிக்கொண்டே வாசித்தோம். மெட்டல் கேட்டு வளர்ந்தவர் வாயில் தகிட எழுவதைக் கேட்க எனக்குச் சிரிப்பாகவும் மகிழ்ச்சியாகவும் இருந்தது.

பழக்கத்துக்கு இடையே அவர்களுடைய மற்றத் தொகுப்புகளையும் கேட்டேன். 2009இல் வந்த ‘11:11’ என்னைப் போன்று பழகுபவருக்கு மிகவும் பயன்படும் என்பது என் எண்ணம். அதிலுள்ள பதினொரு உருப்படிகளும் அவர்களைப் பாதித்த கலைஞர்களுக்குக் காணிக்கையாக அமைந்தவை. ஒவ்வொன்றிலும் தாளத்தின் உடை மாறுகிறது. அவற்றுள் ‘சாவித்ரி’, கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினும் தபலா கலைஞர் ஜாகிர் ஹுசைனும் இணைந்த ‘சக்தி’ குழுவை நினைத்துச் செய்யப்பட்டது. அந்தக் குழுவில் விக்கு விநாயக்ராமின் கடமும் இருந்தது என்பதை அறிந்தவர்கள், மெக்சிகோவிலிருந்து டப்ளின் போய்த் திரும்பிய இருவரின் கிட்டார்ப் பலகையில் கேட்கும் தட்டுகளை வேறு காதோடு கேட்பார்கள். 2012இல் கியூப வாத்தியக் குழுவோடு பதிவான ‘ஏரியா 52’ எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. ஒரு கை தனியே சுமந்ததைப் பலர் பங்கிட்டுக்கொண்டதும், சுமையோடு அதன் அதிசயமும் குறைந்துவிட்டது. 2019இல் வந்து கிராமி விருது பெற்ற ‘மெட்டாவல்யூஷன்’ தொகுப்பில் பிங்க் ஃபிளாய்ட் என்னும் ராக் குழுவின் ‘எக்கோஸ்’ ஏறத்தாழ பத்தொன்பது நிமிடங்கள் ஓடுகிறது. அதில் கேப்ரியேலா தட்டாமல் விட்டுவைக்கும் இடங்களே எனக்குப் பாடமாக இருந்தன. எல்லா எழுத்தையும் வாசித்தே ஆக வேண்டும் என்ற மிருதங்க மாணவனின் ஆசையை அவை சிறிது அடக்கின.

இப்போதைய நிலை இதுதான்: தகிட வீச்சு நிமிடத்துக்கு 96 அடி வரை சமமாக வருகிறது, உள்ளங்கைத் தட்டைச் சேர்த்தால் 84க்கு மேல் மணிக்கட்டு இறுகுகிறது. மூன்று மூன்று இரண்டிலிருந்து நேர் நான்குக்குத் தடையின்றி மாற முடிகிறது. திரும்பி வருவதில் இன்னும் உறுதியில்லை. ‘ஓரியன்’ முழுவதையும் அசலைவிட மெதுவாக, நிற்காமல் வாசித்துவிடுகிறோம். ‘டமகுன்’னைத் தொடுவதற்கு முன் ‘சாவித்ரி’யின் தாளத்தைத் தாளில் எழுதிப் பார்க்க எண்ணியுள்ளேன். நண்பர் மட்டும் தம் எஃகுத் தந்திக் கிட்டாரை விட்டுவிட்டு நைலானுக்கு மாற இன்னும் மனம் வராமல் இருக்கிறார். இரண்டின் ஒலி நிறமும் சேராத இடங்கள் இருப்பதால், அடுத்த மாதச் சம்பளத்தில் அவரையும் மாற்றிவிட வேண்டும் என்று வற்புறுத்திக்கொண்டிருக்கிறேன்.